கடுகு டப்பாவில் 1,240 ரூபாய் கூடுதல்

வீட்டுப் பணம் குறைந்துவிட்டது என்று சண்டை போடுகிற புருஷன்மார் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். பணம் கூடுதலாக இருக்கிறதே என்று பெண்டாட்டியை நிற்கவைத்துக் கேள்வி கேட்டவன், மண்ணூர்பேட்டையில் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

"கணக்குப்படி 8,360 இருக்கணும். டப்பாவில 9,600 இருக்கு. 1,240 எங்கேயிருந்து வந்தது?"

"இருந்தா சந்தோஷப்படுங்க. காய்காரம்மா வந்துட்டாங்க, நகருங்க" என்றாள் அவள்.

சந்தோஷப்பட எனக்குத் தெரியாது. நான் டேட்டாபேஸ்காரன். இருபது வருஷமாக ஊரார் கணக்கைக் காப்பாற்றுவதுதான் பிழைப்பு. வீட்டில் அந்தப் பெருமைக்கெல்லாம் மதிப்பில்லை. ஃபியூஸ் போனால் பக்கத்து வீட்டுப் பையனைத்தான் கூப்பிடுவார்கள். வீட்டுக் கணக்கு, சமையலறைச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் நடந்துகொண்டிருந்தது. தேதிக் கட்டத்துக்குள் 'பா 2' என்றால் பால் இரண்டு பாக்கெட், 'கே 1' என்றால் தண்ணீர் கேன் ஒன்று. பென்சில் காலண்டர் ஆணியிலேயே கட்டித் தொங்கும். இதைப் பார்த்துப் பார்த்து எனக்குள் இருந்த நிபுணன் குமைந்துகொண்டிருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய லேப்டாப்பைத் தூசி தட்டி போஸ்ட்கிரெஸ் ஏற்றினேன். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் 1986இல் தொடங்கிய திட்டத்தின் வாரிசு அது. சின்னம் யானை. அந்த யானையைக் கட்டி இழுத்து வந்து கொத்தமல்லிக் கட்டுக்குக் கணக்கெழுத வைத்தேன்.

அதோடு விட்டேனா? 'செலவு' என்ற அட்டவணையை மாதவாரியாகப் பார்ட்டிஷன் செய்தேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே அட்டவணை. உள்ளே மே மாதத்துக்கு ஓர் அறை, ஜூனுக்கு ஓர் அறை. வரிசைகள் கோடிக்கணக்கில் சேருகிற இடத்துக்குத்தான் இந்த ஏற்பாடு. எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு ஏழெட்டு வரி, வருஷம் முழுக்க எழுதினாலும் மூவாயிரத்தைத் தாண்டாது. ஆழாக்கு அரிசிக்குக் கல்யாண அண்டா. இதை மாமனாரிடம் பெருமையாகச் சொன்னேன். பார்ட்டிஷன் என்ற சொல் காதில் விழுந்ததும் அவருக்கு 1959இல் பீம்சிங் எடுத்த 'பாகப்பிரிவினை' ஞாபகம் வந்திருக்க வேண்டும். "என்ன மாப்பிள்ளை, வீட்டைப் பிரிக்கப் போறீங்களா?" என்று கலவரமானார்.

எந்த மாதத்துக்கும் பொருந்தாத வரிசைகளைப் போட்டுவைக்க 'டீஃபால்ட்' என்று ஓர் அறையும் கட்டலாம். 2018இல் வந்த 11ஆம் பதிப்பிலிருந்து அந்த வசதி உண்டு. வேண்டாம் என்று விட்டேன். அது பரண். எங்கள் வீட்டுப் பரணில் ஏறியது எதுவும் இறங்கியதில்லை. இந்த முடிவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது டிரிக்கர். ஒன்று நடந்தால் இன்னொன்று தானாக நடக்க வேண்டும் என்று எழுதிவைக்கிற ஏவல். செலவு பதிந்ததும் இருப்பிலிருந்து தொகையைக் கழிக்க 'கழி' என்று ஒரு டிரிக்கர். பதிந்ததைத் திருத்தினால் வித்தியாசத்தை மட்டும் சரிக்கட்ட இன்னொன்று. பதிவை அழித்தால் பணத்தை இருப்பில் திரும்பச் சேர்க்க மூன்றாவது ஒன்று எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை. செலவழித்த பணம் திரும்பி வந்ததாக எங்கள் வீட்டுச் சரித்திரத்தில் ஒரு வரிகூடக் கிடையாதே.

இத்தனைக்கும் இந்த வசதியெல்லாம் நேற்று முளைத்தது. 2017இல் வந்த 10ஆம் பதிப்புக்கு முன்னால் அறை பிரிப்பதையே டிரிக்கரை வைத்துத்தான் செய்தோம். தாய் அட்டவணை வாசலில் ஒரு டிரிக்கர் நின்று, வரும் வரிசையைப் பிடித்துச் சரியான பிள்ளை அட்டவணையில் தள்ளிவிட்டு, தாயிடம் "ஒன்றும் வரவில்லை" என்று சொல்லிவிடும். ஆயிரம் வரிசை உள்ளே போயிருக்கும், திரையில் 'இன்செர்ட் பூஜ்யம்' என்று பதில் வரும். கல்யாணப் பந்தியில் மூன்றாம் முறை பாயசம் வாங்கிக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து "சரியாவே சாப்பிடல" என்கிறவர்களைப் போல. அந்தப் பூஜ்யத்தை நம்பி, வேலை செய்த ஓர் ஆபீசில் ஒரே கோப்பை மூன்று தடவை ஏற்றியவன் நான். 10ஆம் பதிப்பில் அறை பிரிப்பு முறையாக வந்தது. ஆனால் ஒவ்வொரு வரிசைக்கும் ஓடுகிற டிரிக்கரை மொத்த அட்டவணைக்கு வைக்க முடியாது, அறை அறையாகப் போய்த்தான் மாட்ட வேண்டும். 11இல் அதையும் அனுமதித்தார்கள், பதிந்த 'பின்' ஓடுவதற்கு மட்டும். பதியும் 'முன்' ஓடுவது 2020இல் 13ஆம் பதிப்பில்தான் வந்தது.

மே 31 ராத்திரி பால் கணக்கு வந்தது, 1,240 ரூபாய். அன்றைய தேதி போட்டுப் பதிந்தேன். பணம் கொடுத்தது மறுநாள் காலை. மாதக் கடைசி ராத்திரியில் பதிகிற செலவு எல்லாம் தானாகவே அடுத்த மாதத்துக்குப் போகட்டும் என்று, தேதியை மாற்றுகிற 'முன்' டிரிக்கர் ஒன்றை எழுதினேன். யானை மறுத்துவிட்டது. வரிசை எந்த அறைக்கு என்று முடிவாகி அந்த அறை வாசலுக்கு வந்த பிறகுதான் 'முன்' டிரிக்கரே ஓடும், அங்கே நின்றுகொண்டு வேறு அறைக்கு அனுப்பக் கூடாது என்று பிழைச் செய்தி. மாதக் கடைசிக் கடனை ஒன்றாம் தேதிக்குத் தள்ளி எழுத எங்கள் மளிகைக் கடை அண்ணாச்சி ஒருநாளும் மறுத்ததில்லை. சரி என்று, பதிந்த வரிசையிலேயே தேதியைக் கையால் ஜூன் 1 என்று திருத்தினேன்.

அன்றைக்குத்தான் டப்பாவில் பணம் கூடியது.

கணக்கு தப்பாக இருக்கும் என்று ஒரு கணமும் தோன்றவில்லை. இவள் ரகசியமாக ரவிக்கை தைத்துச் சம்பாதிக்கிறாளோ என்றுதான் தோன்றியது. ஒழுங்குக்காக டிரிக்கர் ஓடிய குறிப்பேட்டைப் பார்த்தேன். 'செலவு' என்ற பெயரில் எத்தனை பதிவு என்று தேடினால் ஒன்றுமே இல்லை. ஆக, டிரிக்கர் செத்துவிட்டது! இருப்பு குறைந்திருக்கிறதே, செத்த டிரிக்கர் எப்படிக் கழித்தது என்று ஒரு குழந்தை கேட்டிருக்கும். நான் கேட்கவில்லை. அதே வேலையைச் செய்கிற இன்னொரு டிரிக்கரை நேராக ஜூன் அறையிலேயே மாட்டினேன். பெயர் 'கழி_நிஜமாகவே'. இருப்பு ஆயிரத்துக்குக் கீழே போனால் போனில் எச்சரிக்கை வர ஒரு ஏற்பாட்டையும் அதே அறையில் வைத்தேன்.

அதற்கப்புறம் வீட்டில் லட்சுமி கடாட்சம். பத்து ரூபாய்க்குக் கறிவேப்பிலை வாங்கினால் கணக்கில் இருபது கழியும். நாளுக்கு நாள் டப்பாவில் பணம் கணக்கை விஞ்சிக்கொண்டே போனது. ஜூன் 12 அன்று கணக்குப்படி நாங்கள் ஓட்டாண்டி, இருப்பு பூஜ்யத்துக்கும் கீழே. டப்பாவில் நோட்டுகள் சிரித்தன. எச்சரிக்கை ஒன்றுகூட வரவில்லை.

முடிச்சை அவிழ்த்தவர் மாமனார். கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் டைம் ஆபீசில் முப்பது வருஷம் உட்கார்ந்தவர். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பலரும் அப்படித்தான், சங்குச் சத்தம் கேட்டு உலை வைத்த தலைமுறை. காபியை ஆற்றிக்கொண்டே விசாரித்தார்.

"உங்க எச்சரிக்கை ஆளுக்கு ஒரு தடவையா, மொத்தத்துக்கு ஒரு தடவையா?"

"மொத்தத்துக்கு, மாமா. ஒரு கட்டளைக்கு ஒரு தடவை."

"அப்ப அது சங்கு. ஒருத்தன் வந்தாலும் ஆயிரம் பேர் வந்தாலும் ஒரு தடவைதான். ஒருத்தனும் வராத பந்த் அன்னைக்கும் ஊதும். சங்கை எங்க வெச்சீங்க?"

"ஜூன் ஷெட்டுல."

"ஆளுங்க எது வழியா வர்றாங்க?"

"மெயின் கேட்."

"மெயின் கேட்ல வந்தா மெயின் கேட் சங்குதானே மாப்பிள்ளை ஊதும்?"

கையேட்டில் இருப்பதும் இதுதான். கட்டளைக்கு ஒரு தடவை ஓடுகிற டிரிக்கர், கட்டளையில் பெயர் சொன்ன அட்டவணைக்கு மட்டுமே ஓடும். வரிசை எந்த அறையில் போய் விழுந்தாலும் அந்த அறைச் சங்கு ஊமை. வரிசைக்கு ஒரு தடவை ஓடுவதோ கார்டு அடிக்கிற மாதிரி, அந்தந்த ஷெட் வாசலிலேயே நடக்கும். கார்டில் விழுவதும் ஷெட் பெயர்தான், கம்பெனி பெயர் இல்லை. என் குறிப்பேட்டில் வரி வரியாக 'செலவு_மே', 'செலவு_ஜூன்' என்று இருந்திருக்கிறது. நான் 'செலவு' என்று தேடி, இல்லை என்று ஒப்பாரி வைத்திருக்கிறேன்.

"பால்காரர் கணக்கை மேயிலேருந்து ஜூனுக்கு மாத்தினீங்களே, அது என்ன, திருத்தமா? டிரான்ஸ்பரா?"

"திருத்தம்தான். அப்டேட்."

"ஷெட்டு மாறிட்டா அது திருத்தம் இல்ல. அங்க ரிலீவ் பண்ணணும், இங்க ஜாயின் பண்ணணும். ரெண்டு ரிஜிஸ்டர்."

எனக்கு வியர்த்தது. லேப்டாப்பைத் திறந்து, மே அறையிலும் ஜூன் அறையிலும் எல்லா வேளைக்கும் கூவுகிற டிரிக்கர்களை மாட்டினேன். எந்த அறை, என்ன வேலை, முன்னா பின்னா என்று கத்துவது மட்டுமே அவற்றின் தொழில். 'பிகின்' போட்டு அதே திருத்தத்தைச் செய்து கடைசியில் 'ரோல்பேக்' அடித்தால் கணக்குக்குச் சேதமில்லை. ஐந்து கூவல் கேட்டது. மே: அப்டேட், முன். மே: டெலீட், முன். ஜூன்: இன்செர்ட், முன். மே: டெலீட், பின். ஜூன்: இன்செர்ட், பின். ஆறாவதாக 'அப்டேட், பின்' என்று ஒன்றை எதிர்பார்த்துக் காத்திருந்தேன், வரவேயில்லை. வித்தியாசத்தைச் சரிக்கட்டும் என் டிரிக்கர் அந்த வராத ஆறாவதில்தான் உட்கார்ந்திருந்தது. மேயில் ரிலீவ் ஆனபோது பணத்தைத் திருப்பித் தர ஆளில்லை. ஜூனில் ஜாயின் ஆனபோது 'கழி' கடமை தவறாமல் இன்னொரு 1,240ஐக் கழித்திருக்கிறது.

டிரிக்கர்களின் பட்டியலையும் எடுத்தேன். ஜூன் அறையில் 'கழி'க்குப் பெற்றோர் எண் இருந்தது, தாய் அட்டவணையிலிருந்து தானாக இறங்கியது. 'கழி_நிஜமாகவே'க்குப் பெற்றோர் இடத்தில் பூஜ்யம். அது நான் பெற்றது. இரண்டும் பெயரின் அகரவரிசைப்படி கியூவில் நின்று, ஒன்றன்பின் ஒன்றாகக் கழித்துக்கொண்டிருந்தன.

அனாதையை நீக்கினேன். டெலீட் டிரிக்கர் எழுதினேன். சங்கை மெயின் கேட்டுக்கு மாற்றினேன். இரண்டு தடவை கழிந்ததை இருப்பில் திரும்பச் சேர்த்தேன். சோதனைக்காகப் பொய்ச் செலவு பத்து பதிந்து ரோல்பேக் அடித்ததில் வரிசை எண்ணில் மட்டும் பத்து ஓட்டை விழுந்தது. அந்த எண் ரேஷன் கடை டோக்கன் மாதிரி, கிழித்தால் கிழித்ததுதான். ராத்திரி பதினொன்றரைக்குக் கணக்கும் டப்பாவும் பைசா பிசகாமல் ஒத்துப்போயின.

காட்டலாம் என்று சமையலறைக்குப் போனேன். அவள் தூங்கப் போயிருந்தாள். காலண்டரின் மே மாதத் தாளைத் தூக்கிப் பார்த்தேன். 31ஆம் தேதிக் கட்டத்தில் 'பால் 1240' என்று எழுதி, குறுக்கே ஒரு கோடு. ஜூன் 1ஆம் தேதிக் கட்டத்தில் 'பால் 1240'. ரிலீவ், ஜாயின். இரண்டும் அதே பென்சில்.

அந்த மாதத்தின் மிச்ச நாளெல்லாம் ஒழுங்காக ஓடியது. ஜூலை 1 காலை ஆறரைக்கு, காபிகூடக் குடிக்காமல், புது மாதத்தின் முதல் செலவைப் பதிந்தேன். பால் இரண்டு பாக்கெட். இந்த வரிசையைப் போட அறை எதுவும் இல்லை என்று பிழைச் செய்தி வந்தது. ஜூலைக்கு அறை கட்ட மறந்திருந்தேன். பரணும் கிடையாது.

சமையலறையில் அவள் காலண்டரில் ஜூன் தாளை மேலே மடக்குகிற சரசரப்பு கேட்டது.