காரணம் சொன்னால் வரி

ரெடிங், இங்கிலாந்து
நவம்பர் 2025

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம் விசாரிப்பை ஒரே வரியில் முடித்துவிட்டு நேராகக் கணக்குக்கு வந்துவிட்டீர்கள். ஆடிட்டர் ஆபீசிலேயே தலை நரைத்தவர் வேறெப்படி எழுதுவீர்கள்! “ரயிலுக்கும் கோட்டுக்கும் இவ்வளவு கொட்டுகிறாயே, வரியில் கழித்துக்கொள்ள மாட்டார்களா?” என்று கேட்டிருந்தீர்கள். மாட்டார்கள். ஏன் மாட்டார்கள் என்பதற்கு இவர்கள் சொல்லும் நியாயம்தான் வேடிக்கை. வேலைக்காக என் பையிலிருந்து போகும் காசை என் சொந்த வாழ்க்கை என்கிறது இந்த ஊர்ச் சட்டம். வேலையிலிருந்து என் பைக்கு வருவதையோ கடைசிப் பென்னி வரை வருமானம் என்கிறது. அந்தக் கண்டிப்பையாவது ஒழுங்காகக் காப்பாற்றுகிறதா என்றால், முதலாளி குறுக்கே வந்ததும் இளகிவிடுகிறது.

முதலில் விகிதம், இல்லாவிட்டால் உங்களுக்குத் தூக்கம் வராது. வருஷத்துக்கு 12,570 பவுண்டு வரை வரி இல்லை. அதற்கு மேல் 50,270 வரை நூற்றுக்கு இருபது, பிறகு நாற்பது. அந்த இருபதோடு தேசியக் காப்பீடு என்று இன்னொரு எட்டு. 36,000 பவுண்டு சம்பளக்காரருக்கு வரி 4,686, காப்பீடு சுமார் 1,874. இதில் எனக்குக் குறை இல்லை. ஆஸ்பத்திரியில் பில் நீட்டாத ஊர். ஆனால் ரயில் டிக்கெட்டை இந்த இருபத்தெட்டைக் கொடுத்த பிறகு மிஞ்சுகிற பணத்தில்தான் வாங்க வேண்டும். அந்த ரயிலில் போனால்தான் இந்தச் சம்பளமே என்பது சட்டத்தின் காதில் ஏறாது.

சம்பளக்காரர் ஒரு செலவைக் கழிக்க மூன்று வாசல் தாண்டியாக வேண்டும்: முழுக்க வேலைக்காக, வேலைக்கு மட்டுமே, அதுவும் அவசியமாக. அதோடு அந்தச் செலவு வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதே ஆகவேண்டும். வேலைக்குப் போய்ச் சேருவதற்காக ஆனால் செல்லாது. 1920களில் ஒரு நீதிபதியே இதில் மாட்டிக்கொண்டார். லண்டனில் வக்கீல் தொழில், போர்ட்ஸ்மவுத்தில் பகுதி நேர நீதிபதிப் பதவி. ரயில் கட்டணம், ஓட்டல் செலவு, அங்கியும் விக்கும் வைத்த தகரப் பெட்டியைத் தூக்கிப்போன கூலி ஆகியவற்றைக் கழிக்கச் சொன்னார். அன்று உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை மறுத்துவிட்டது. போர்ட்ஸ்மவுத் போய்ச் சேர்ந்த பிறகுதான் அவர் நீதிபதி, லண்டனில் குடியிருப்பது அவர் இஷ்டம் என்று தீர்ப்பு. விக் இல்லாமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. விக் தானாக நடந்தும் வராது. ஆனாலும் பெட்டிக் கூலி சொந்தச் செலவு! குதிரைக்கு மட்டும் மரியாதை இருந்தது. உத்தியோகத்துக்காகக் குதிரை வளர்த்தால் அந்தச் செலவைக் கழிக்கலாம் என்ற வாசகம் 1988இல் தொகுத்த சட்டத்தில்கூட இருந்தது. கொள்ளு தின்னும் பிராணிக்கு ஒரு நியாயம், சீசன் டிக்கெட் வாங்கும் பிராணிக்கு ஒரு நியாயம். கோட்டின் கதை இதைவிட மோசம். ‘அவசியமாக’ என்ற மூன்றாவது வாசல் சுயதொழில்காரர்களுக்குக் கிடையாது. அப்படியும் 1983இல் ஒரு பெண் வக்கீல் கோர்ட்டுக்கென்றே வாங்கிய கறுப்பு உடைக்குச் செலவு காட்டித் தோற்றார். அந்த உடை குளிருக்கும் மானத்துக்கும்கூட உதவியதாம்.

போக்குவரத்து அவரவர் பாடு என்றால், சரி, அதையே கடைசிவரை பிடித்துக்கொள்ள வேண்டுமல்லவா? ஆபீஸ் வாசலில் முதலாளி கார் நிறுத்த இடம் கொடுத்தால் வரி இல்லை. அவரே என் ரயில் சீட்டுக்குப் பணம் கொடுத்தால் வரி உண்டு. எல்லா ஊழியருக்கும் பொதுவான திட்டத்தில் சைக்கிள் கொடுத்தால் வரி இல்லை. கம்பெனி தன் பேரில் ஒரு செல்போன் எடுத்துக் கொடுத்தால் இல்லை. என் பேரில் இருக்கும் போனுக்கு அதே பில்லைக் கட்டினால் உண்டு. 40,000 பவுண்டு விலைப்பட்டியல் போட்ட மின்சாரக் காரைக் கம்பெனி கொடுத்தால், 2025-26 வரி வருஷத்தில் அதில் 3 சதவீதம், அதாவது 1,200 பவுண்டுதான், வருமானமாகக் கணக்காகும். இருபது சதவீதக்காரருக்கு வரி வருஷத்துக்கு 240. சுற்றுச்சூழலுக்காக என்கிறார்கள், நல்லது. ரயில் என்ன கரியிலா ஓடுகிறது?

இதில் மகுடம் வைத்தது அற்பச் சலுகை என்ற விதி. முதலாளி 50 பவுண்டுக்கு மிகாமல் ஏதாவது கொடுத்தால் வரி கிடையாது. பணமாக இருக்கக் கூடாது, ஒப்பந்தத்தில் எழுதியிருக்கக் கூடாது. முக்கியமாக, வேலைக்காகக் கொடுத்ததாக இருக்கவே கூடாது. ஒரு ஸ்வீட் பெட்டியை நீட்டி “ஹேப்பி தீபாவளி” என்றால் அது அற்பம். அதே பெட்டியை நீட்டி “அந்தப் பிராஜெக்டைப் பிரமாதமாக முடித்தீர்கள்” என்று வாய் தவறினால், மைசூர்பாகு சம்பளமாகிவிடும்! காரணமில்லாத அன்புக்கு விலக்கு, பாராட்டுக்கு வரி. பெட்டி 50 பவுண்டு 1 பென்னி ஆனால் அந்த ஒரு பென்னிக்கு மட்டுமல்ல, முழுப் பெட்டிக்கும் வரி. வருஷாந்தர விருந்துக்கும் இதே கூத்துதான். தலைக்கு 150 பவுண்டு வரை விலக்கு, தாண்டினால் மொத்தமும் போச்சு. தலைக் கணக்கு எடுப்பது வந்தவர்களை வைத்து. நூறு பேருக்குச் சொல்லி, மழைக்குப் பயந்து அறுபது பேர் வந்தால் தலைக்கு ஆன செலவு ஏறிவிடும். வீட்டில் போர்த்திக்கொண்டு படுத்தவருக்கு ஒன்றுமில்லை. நனைந்துகொண்டு வந்து சாப்பிட்டவர் மேல்தான் வரி. நம் ஊர்க் கல்யாணத்தில் இந்தச் சட்டம் இருந்தால் பத்திரிகை வைக்கவே ஆள் கிடைக்காது.

நீங்கள் என்ன மறுப்பீர்கள் என்று தெரியும். ஒவ்வொருவரும் கோட்டு பில்லைத் தூக்கிக்கொண்டு வந்தால் எந்த இலாகா தாங்கும்? நியாயம்தான். ஆனால் பில்லே கேட்காமல் ஒரு தொகையைக் கழிக்கலாமே! நம் ஊரில் புதிய வரித் திட்டத்தில் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 75,000 ரூபாய். ஜெர்மனியில் 1,230 யூரோ. அந்த 12,570 அதற்குத்தானே என்பீர்கள். அது வேலைக்கே போகாமல் வாடகை வாங்கிச் சாப்பிடுபவருக்கும் உண்டு, அதோடு 2021லிருந்து அசையாமல் நிற்கிறது. தூரத்தில் குடியிருப்பது உன் இஷ்டம் என்ற போர்ட்ஸ்மவுத் வாதமும், லண்டன் வீட்டு வாடகையை ஒருமுறை பார்த்தவரிடம் எடுபடாது.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். 1944லிருந்து இங்கே முதலாளியே சம்பளத்தில் வரியைப் பிடித்துக் கட்டிவிடுகிறார்; பெரும்பாலான சம்பளக்காரர்கள் கணக்குத் தாக்கல் செய்வதே இல்லை. ஜூலை மாதம் உங்கள் ஆபீசில் ஃபார்ம் 16ஐ வைத்துக்கொண்டு நடக்கும் திருவிழா இங்கே கிடையாது. சௌகரியம்தான், ஆனால் விதி பிழைத்திருப்பதும் இதனால்தான் என்பது என் கட்சி. கணக்கு எழுதினால்தானே எது கழியவில்லை என்று கண்ணில் படும்? அங்கே சண்டை போட்டுக் கழிவு வாங்குகிறீர்கள். இங்கே பே ஸ்லிப்பைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு மடித்து வைத்துவிடுகிறோம். அந்தச் சண்டையின் அருமை இங்கே வந்தால்தான் தெரியும்.

சித்தி முறுக்கு அனுப்பட்டுமா என்று கேட்டதாக எழுதியிருந்தீர்கள். அதற்கும் விதி இருக்கிறது. தபாலில் வரும் அன்பளிப்பு 39 பவுண்டுக்குள் இருந்தால் இறக்குமதி வரி கிடையாது. ஆனால் பிறந்த நாள், பண்டிகை என்று ஏதாவது விசேஷத்துக்காக அனுப்பியதாக இருக்க வேண்டும். முதலாளி வேலையைக் காரணம் காட்டிக் கொடுக்கக் கூடாது. சித்தி காரணம் இல்லாமல் அனுப்பக் கூடாது. தீபாவளி போய்விட்டது, பொங்கல் வரை தாங்காது. மார்கழியில் எனக்குப் பிறந்த நாள் என்று சித்திக்கு ஞாபகப்படுத்துங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்