நாய்ச் சாவுக்கு மொய் கிடையாது

ஏ மாப்ளே, உக்காரு. வெயில்ல வந்திருக்க, முதல்ல தண்ணியக் குடி. உம் பயலுக்கு என்னமோ புடிச்சிருக்கு, சங்கரன்கோயில் புத்துமண்ணு வாங்கிப் பூசலாமா, இல்ல ஆளக் கூட்டியாந்து மந்திரிக்கலாமான்னு கேக்குற. தாராளமா மந்திரிப்போம். ஆனா வேப்பங்குழைய யாரு தலையில தட்டணும்னு நான்தான் சொல்லுவேன், சம்மதமா?

மூணாங்கிளாஸ் படிக்கிற பய. கார்த்திகையில ஒரு குட்டியத் தூக்கியாந்து நீதான அவன் மடியில போட்ட? அசல் சிப்பிப்பாறைன்னு இளையரசனேந்தல் முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச. அதோட குட்டக் காலையும் கொழுத்த இடுப்பையும் பாத்தா, அம்மாக்காரி என்னைக்கோ ஒருநாள் சிப்பிப்பாறைக்குப் போற பஸ்ஸத் தொரத்தியிருப்பா, அவ்வளவுதான் சம்பந்தம். போகட்டும். பயலுக்கு அந்தச் சாதிக் கணக்கெல்லாம் எதுக்கு? அவனுக்கு அது மணி. பள்ளிக்கூடம் விட்டு வந்தா பையக் கழத்தாமயே அதோட உருளுவான். நீ ராத்திரி தார்சாவுல கட்டிப் போட்டாலும், விடியப் பாத்தா அவன் போர்வைக்குள்ள ரெண்டு மூக்கு தெரியும்.

பங்குனியில அதுக்கு ரத்தக் கழிச்சல் கண்டுச்சு. மக்காச்சோளத்துல படைப்புழு விழுந்தப்ப விடியுமுன்ன மருந்துக் கடை வாசல்ல போயி நின்ன ஆளு நீ. குட்டிக்கு ஊசி போடுலேன்னப்ப, நாய்க்கு எதுக்கு ஊசின்ன. பிறந்து ஆறு, எட்டு வாரத்துல ஆரம்பிச்சு, மூணு நாலு வாரத்துக்கு ஒருதரம் தவறாமப் போட்டிருந்தா இந்நேரம் உன் செருப்பக் கடிச்சுக்கிட்டு இருக்கும். இந்த நோவு ஒண்ணும் நம்ம பாட்டன் காலத்துச் சொத்து இல்ல, 1978 வாக்குலதான் உலகத்துக்கே தெரிஞ்சுது. அதனால முன்னோரு நாய் வளக்கலையான்னு எங்கிட்ட வராத.

பய என்ன செஞ்சான்? சாக்க விரிச்சு, பக்கத்துலயே உக்காந்து, உப்பும் சீனியும் கரைச்ச தண்ணியச் சங்குல வச்சுப் புகட்டிக்கிட்டே இருந்தான். அது வாயோரமா ஒழுகும், தன் சட்டையால துடைப்பான், மறுபடி புகட்டுவான். ராத்திரி அது அடங்கிருச்சு. அவன் தூங்கிட்டான். நீ என்ன செஞ்ச? உரச்சாக்குல போட்டு ஓடையில வீசிட்டு வந்து, காலையில டாக்டர் மாமா கூட்டிட்டுப் போயிருக்காருன்ன. எந்த பஸ்லன்னு கேட்டான். கோவில்பட்டி பஸ்லன்ன. நாய்க்கு அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டான்னு கேட்டான் பாரு, அங்க முழிச்ச. பொய் சொல்லுறவன் டிக்கெட்டோட சேத்துச் சொல்லணும் மாப்ள.

ஓடைக்கரையில காக்கா கூடிக் கத்துறதப் பாத்து அவனே போயிக் கண்டுபிடிச்சான். ஆத்தாவோட களைவெட்டிய எடுத்துட்டுப் போயி, பாளம் பாளமா வெடிச்சுக் கெடந்த கரிசல்ல ஒரு வெடிப்ப அகலமாத் தோண்டி, அதுக்குள்ள வச்சு மூடுனான். மேல ஒரு உடைஞ்ச கடப்பாக்கல்லு. அதுல சாக்பீஸால மணின்னு எழுதியிருக்கான். சுழி முடியுமுன்ன சாக்பீஸ் தீந்துபோச்சு போல, பாதியில நிக்குது.

நம்ம பிர்காவையே வருவாய்க்குத் தூத்துக்குடி மாவட்டம், யூனியனுக்குக் குருவிகுளம்னு பிரிச்சுப் போட்டு, 2019ல தென்காசி தனி மாவட்டமானப்ப குருவிகுளமும் அந்தப் பக்கம் போயி, எந்தச் சோலிக்கு எந்த ஆபீஸ்னு பெரியவுகளே தெருத்தெருவா நின்னது உனக்கே தெரியும். இந்தப் பய ஒரு மனுவும் குடுக்காம, ஒரு கையெழுத்தும் வாங்காம, காரியத்தத் தானே முடிச்சிட்டான். அவனுக்குத்தான் மந்திரிக்கணுங்குற.

ஆம்பளப் புள்ள நாய்க்கு அழலாமான்னு வேற கேக்குற. உங்க பெரியப்பா செத்தப்ப நீ அழுதத நானும் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். ஒரு கண்ணு துண்டுல, இன்னொரு கண்ணு பத்திரம் இருந்த டிரங்குப் பெட்டியில. நாய்ச் சாவுக்கு மொய் கிடையாது, கோடித்துணி கிடையாது, பதினாறாம் நாள் பந்தியில வடை ஆறிப்போச்சுன்னு சம்பந்தி சண்டை கிடையாது. அப்படி ஒரு சாவுக்கு ஒருத்தன் எதுக்கு அழுறான்னு உனக்கு விளங்காது, நியாயந்தான்.

கல்லு நட்டது பைத்தியம்னா, திருவண்ணாமலைச் சீமையில எடுத்தனூர்னு ஒரு ஊரு, அங்க ஊரோட பைத்தியம். மகேந்திரவர்ம பல்லவன் காலம், ஆயிரத்து நானூறு வருசமாச்சு. கருந்தேவக்கத்தின்னு ஒரு வீரன் சண்டையில பட்டான். அவன் நாய் ரெண்டு கள்ளனக் கடிச்சு, கூடவே நின்னு காத்துச்சாம். ஆளுக்கு நட்ட கல்லுல நாயையும் செதுக்கி, கோவிவன்னு அது பேரையும் வெட்டி வச்சிருக்காக. நம்ம ஊருல மூணு தலைமுறைக்கு முந்துன பெரிய மனுசன் பேரு ஒண்ணு சொல்லு பாப்போம்.

இன்னொண்ணும் எம் பேத்தி போன்ல வாசிச்சுக் காட்டுனா. ஜெர்மனியில பான் பட்டணத்துப் பக்கம் 1914ல கல்லு வெட்டுறவுக கையில ஒரு பழைய குழி அகப்பட்டுச்சு. ஒரு ஆம்பள, ஒரு பொம்பள, ஒரு நாய்க்குட்டி. பதினாலாயிரம் வருசத்துக்கு முந்துன எலும்பு. அந்தக் குட்டியோட பல்ல ஆராஞ்சு 2018ல எழுதியிருக்காக: அதுக்குக் கடுமையான சீக்கு, யாரோ வாரக்கணக்கா கூட இருந்து பாத்திருக்கணும், இல்லாட்டி அத்தன நாள் தாங்கியிருக்காதுன்னு. வேட்டைக்கும் ஆகாது, காவலுக்கும் ஆகாது. சும்மா படுத்த குட்டி. உம் பய சாக்கு விரிச்சு உக்காந்தது அந்த வேலதான். அன்னைக்கும் ஒரு மாப்ள பக்கத்துல நின்னு, தூக்கி எறிங்கப்பான்னு சொல்லித்தான் இருப்பான். அவன் எலும்பு கிடைக்கல.

சரி, கிண்டல விடு. இதையும் எம் பேத்திதான் சொன்னா. பாஸ்டன் ஆஸ்பத்திரிக்காரக, இங்கிலாந்துப் பிள்ளைக 6,000 பேருக்கு மேல எடுத்துக் கணக்குப் பாத்து 2020ல எழுதுனாக. வளத்த பிராணி செத்த துக்கம் பிள்ளைக மனசுல லேசுல ஆறாதாம், வருசக்கணக்குலயும் நிக்குமாம். அதுலயும் பயலுகளுக்குத்தான் கூடுதலாம். ஆம்பளப் புள்ள அழலாமான்னு நீ கேட்டதுக்கு அவுகளும் பதில் எழுதியிருக்காக, பாத்துக்க.

நாளைக்கே ராஜபாளையம் போயி வெள்ளக் குட்டி ஒண்ணு பிடிச்சாந்தா பய மறந்துருவான்ங்குற. உங்க ஆத்தா போனப்ப உங்க அய்யாகிட்ட, நாளைக்கே வேற ஒண்ணு பாத்துருவோம்னு சொன்னா எப்படி இருந்திருக்கும்? சொன்ன ஆளும் இருந்தான், அது வேற கதை. ராஜபாளையம் நாய் 2005ல கவர்மெண்டு தபால்தலையில ஏறுன பெரிய எடம், அது உன் வீட்டுக்கு வந்து சாகணும்னு என்ன தலையெழுத்து? இந்தக் கழிச்சக் கிருமி மண்ணுல மாசக்கணக்குல கெடக்கும், ஒரு வருசங்கூட. புதுக் குட்டிய இப்ப விட்டா, பய இன்னொரு கல்லுக்குப் பேரெழுத வேண்டியதுதான். சாக்க எரி. தட்டத் தூக்கிப் போடு. தார்சாவ பிளீச்சிங் பவுடரக் கரைச்சு ஊத்திக் கழுவு. அடுத்த குட்டி எப்பன்னு பயலே கேக்கட்டும். கேட்டா, ஊசி போட்ட பெறகு கொண்டா.

அவன் கை காலுல கீறலோ பல்லுத் தடமோ இருக்கான்னு பாரு. வெறிநாய் ஊசியும் போடாத குட்டி. கழிச்சல்ல போனதுதான்னாலும், ஆஸ்பத்திரியில ஒரு எட்டுக் காட்டிரு.

பெறகு மம்பட்டிய எடு. அவன் தோண்டுனது முழங்கால் ஆழங்கூட இருக்காது, ராத்திரிக்கு நரியோ நாயோ கிளறிரும். அவனயும் கூட்டிட்டுப் போயி, இடுப்பு ஆழத்துக்கு வெட்டிக் குடு. மணிய எடுத்து வைக்கிற சோலிய நீ பாத்துக்க, அவன் கிட்ட வர வேண்டாம். சுண்ணாம்பத் தூவி மூடி, மேல சீமக்கருவேல முள்ளப் போடு. கல்ல மட்டும் அவன் நடட்டும். தூங்குது, சாமிகிட்டப் போயிருச்சு, டாக்டர் மாமா வீட்டுல இருக்குன்னு இனிமே ஒண்ணும் அளக்காத. செத்துப்போச்சுன்னு சொல்லு. நான் பொய் சொல்லிட்டேன்டான்னும் சொல்லு. அது தொண்டையில சிக்கும், ரெண்டு இருமு இருமிட்டுச் சொல்லிரு.

சொல்லுறதுக்கு வேற ஒண்ணும் அகப்படலேன்னா, உன் கிடாக் கதையச் சொல்லு. நாலாங்கிளாஸ் படிக்கையில, கொடைக்கு வெட்ட உங்க கிடாய இழுத்துட்டுப் போனப்ப, கோயில் தூணக் கட்டிப் புடிச்சுக்கிட்டு ஊரே திரும்பிப் பாக்க அலறுனது யாரு? உங்க அய்யா பிச்சு இழுத்தும் கை விடலயே. அன்னைக்கு உனக்கு யாரு மந்திரிச்சா? அந்தக் கிடாக் கறிக்கே முதல் பந்தியில உக்காந்து ரெண்டாந்தரம் குழம்பு கேட்டதும் நீதான். அத வேணா அவங்கிட்டச் சொல்லாத.

நான் நேத்தே சொல்லிட்டேன். அந்தக் கல்லுப் பக்கத்துலதான் உக்காந்திருந்தோம், பய விழுந்து விழுந்து சிரிச்சான். பெறகு எங்க வீட்டுக்கு வந்து நாலு தோசை தின்னுட்டுத்தான் போனான். வீட்டுல ஒண்ணும் திங்க மாட்டேங்கான்னு உம் பெண்டாட்டி புலம்புறா பாரு, அது நாயால இல்ல மாப்ள.