பகாசுரர்

பணி ஓய்வுக்குப் பிறகு சிலர் கோயில், குளம் என்று கிளம்புவார்கள். சிலர் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளராகி, ஒற்றுமையாக இருந்த தெருவை இரண்டாக்குவார்கள். இரண்டிலும் சேராத ஓர் இனம் அண்மைக்காலமாகப் பெருகிவருகிறது. மகனோ மகளோ வேண்டாமென்று விட்டுப்போன பழைய லேப்டாப்பைத் தூசிதட்டி எடுத்து, பைத்தான் கற்றுக்கொண்டு, பகா எண்களைத் தின்னத் தொடங்கும் இனம். வண்டி வண்டியாகச் சோறு தின்ற மகாபாரத அசுரனின் பெயர் கச்சிதமாகப் பொருந்துவதால், எங்கள் தெருவில் இருக்கும் அன்பரைப் பகாசுரர் என்றே சொல்கிறோம். 'அர்' விகுதி மரியாதைக்காக.

பகாசுரரை அடையாளம் காண்பது சுலபம். எதிரே வரும் வண்டியின் நம்பர் பிளேட்டைப் பார்த்ததும் உதடு அசையும். ஏதோ மந்திரம் சொல்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள், மூன்றால் வகுத்துப் பார்க்கிறார். மூன்றுக்கு இலக்கங்களைக் கூட்டினால் போதும், நடந்துகொண்டே பார்த்துவிடலாம். ஏழுக்கு அவ்வளவு சுலபமான வழி இல்லை. எனவே ஏழு வந்ததும் நடுத்தெருவில் நின்றுவிடுவார். பின்னால் வரும் பால்காரர் ஹாரன் அடிப்பார்.

அறுபதாம் கல்யாணத்துக்கு இவரை அழைப்பதில் ஆபத்து உண்டு. மேடையேறி மாப்பிள்ளையின் கையைக் குலுக்கி, "அறுபதுல என்ன சார் இருக்கு? பன்னெண்டு வகுத்தி. ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, எதுல வேணும்னாலும் வகுபடும். போன வருஷம் அம்பத்தொம்பது, அடுத்த வருஷம் அறுபத்தொண்ணு, ரெண்டும் ஜோடிப் பகா எண். ரெண்டையும் விட்டுட்டு நடுவுல போய் விழா வெச்சிருக்கீங்களே!" என்பார். மாப்பிள்ளை திருதிருவென்று விழிப்பார். மணமகளோ, இந்த மனிதரை எதனால் வகுத்தாலும் வகுபடுவார் என்பது தமக்கு எப்போதோ தெரியும் என்பதுபோல் சிரித்துக்கொள்வார்.

இவர் புரோகிராமிங் கற்க வந்தவர் அல்ல. பகா எண்களைப் பார்க்கவேண்டும், அதற்கு வழி புரோகிராமிங் என்று யாரோ சொன்னார்கள், வந்துவிட்டார். ஆகவே பாடப்புத்தகத்தில் 'இஃப்', 'ஃபார்' இரண்டும் முடிந்த இடத்தில் அட்டையை மூடிவிட்டார். "அடுத்த பாடம் ஃபங்ஷன், அங்கிள்" என்று எதிர்வீட்டுக் கல்லூரிப் பெண் சொன்னபோது, "போற ஃபங்ஷனுக்கே மொய் எழுதி மாளல" என்று பதில் வந்தது.

முதல் தகராறு இடைவெளியில் வந்தது. பைத்தானில் வரிகளை உள்தள்ளி எழுதுவதற்கு இலக்கணம் உண்டு. ஒரு வரி நாலு இடம் தள்ளியும் அடுத்த வரி மூணு இடம் தள்ளியும் நின்றால், 'இன்டென்டேஷன் எரர்' என்று முகத்திலடித்தாற்போல் சொல்லிவிடும். பகாசுரர் வருவாய்த் துறையில் இருந்தவர். ஊர் மனுக்களையெல்லாம் "முத்திரை சரியாக இல்லை" என்று திருப்பி அனுப்பிய கை அது. "என் ஃபைல்ல குத்தம் சொல்ல கலெக்டரே யோசிப்பாரு, ஒரு காலி இடத்துக்காக இது திருப்பி அனுப்புது" என்று ஒரு வாரம் லேப்டாப்போடு பேசவில்லை.

சமாதானமாகித் திரும்பி வந்தபோது எழுதிய முதல் புரோகிராம் நேர்மையானது. எண்ணை 2 முதல் வரிசையாக ஒவ்வொன்றாலும் வகுக்கும், எதிலும் வகுபடாவிட்டால் பகா எண் என்று அறிவிக்கும். பத்துவரை சரியாகத்தான் வந்தது, ஒன்றைத் தவிர. ஒன்றைத் தவிர என்றால், 1 என்ற எண்ணைத் தவிர. அதை வகுத்துப் பார்க்க ஆளே இல்லாததால், புரோகிராம் அதையும் பகா எண் என்று தேர்ச்சி போட்டுவிட்டது. இந்த இடத்தில் சாதாரண மனிதர் ஒரு வரி சேர்த்துத் திருத்துவார். பகாசுரர் ஆதாரம் தேடினார். அமெரிக்கக் கணித அறிஞர் லேமர் 1914இல் வெளியிட்ட பகா எண் பட்டியல் 1இல்தான் தொடங்குகிறது என்று கண்டுபிடித்து, "என் புரோகிராம் தப்பு இல்ல, பழைய பாடத்திட்டம்" என்றார்.

ஒரு நாள் மாலை போனபோது லேப்டாப்பின் மின்விசிறி இரைந்துகொண்டிருந்தது. ஒரு கோடியே பத்தொன்பது என்ற எண்ணைக் கொடுத்து, அது இரண்டு முதல் ஒரு கோடிவரை ஒவ்வொன்றாலும் வகுபடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். "வர்க்கமூலம் வரைக்கும் பாத்தா போதும் அங்கிள், 3162லயே முடிஞ்சிடும்" என்றாள் எதிர்வீட்டுப் பெண். விஷயம் உண்மை. ஓர் எண்ணுக்குப் பெரிய வகுத்தி இருந்தால் அதற்கு ஜோடியாகச் சின்ன வகுத்தியும் இருந்தாக வேண்டும், சின்னதைப் பிடித்தால் பெரியது தானே மாட்டும். பகாசுரர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அது குறுக்கு வழி. ஆடிட்டுன்னா எல்லா ரசீதையும் பாக்கணும்" என்றார். ஆனாலும் மறுநாள் குறுக்கு வழியில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அவரை உண்மையில் ஆட்டிவைத்தது 'ரேஞ்ச்'. 1 முதல் 10 என்று கேட்டால் பைத்தான் 9உடன் நிறுத்திக்கொள்ளும். கடைசி எண் கணக்கில் வராது. பத்து ரூபாய் கேட்டால் ஒன்பது ரூபாய் தருகிற இந்த ஏற்பாட்டை முதலில் ஊழல் என்றார். பிறகு பழகிவிட்டது. அதற்கும் பிறகு, மதம் மாறியவருக்கு உள்ள தீவிரத்தோடு, உலகத்தில் மற்ற எல்லாரும் 'வரை' என்பதைத் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்று வாதாடத் தொடங்கினார். பள்ளி விடுமுறை 10ஆம் தேதிவரை என்றால் பேரன் 10ஆம் தேதியே பையைத் தூக்கவேண்டும் என்பது அவர் கட்சி.

2024 அக்டோபரில், மனிதர் அறிந்தவற்றில் மிகப் பெரிய பகா எண் கண்டுபிடிக்கப்பட்ட செய்தி வந்தது. இரண்டின் 13,62,79,841ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. மொத்தம் 4,10,24,320 இலக்கங்கள். விநாடிக்கு ஓர் இலக்கமாகத் தூங்காமல் படித்தாலும் 474 நாள் தாண்டும். பகாசுரர் அதை முழுசாகப் பார்த்தே தீருவது என்று பிரிண்ட் கட்டளை போட்டார். நாலாயிரத்து முந்நூறு இலக்கத்துக்கு மேல் எழுதிக்காட்ட மாட்டேன் என்று பைத்தான் மறுத்துவிட்டது. உண்மையிலேயே அதில் அப்படி ஒரு வரம்பு உண்டு. "பயந்துடுச்சு" என்றார் திருப்தியாக.

இந்த இனத்துக்கு ராமானுஜன்மேல் உள்ள பக்தியைப் பற்றிச் சொல்லாமல் தீராது. வகுத்து வகுத்து அலுத்த பகாசுரர் ஃபெர்மாவின் வழிக்கு மாறியிருந்தார். 2ஐ, நம் எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி, அதே எண்ணால் வகுத்தால் மீதி 1 வரவேண்டும், வந்தால் பகா எண். வேகமான வழி, ஆனால் நம்பமுடியாத வழி. 341ஐயே கோட்டைவிடும், அது 11 பெருக்கல் 31. இதெல்லாம் தெரியாமல் பகாசுரர் குளித்துவிட்டு வந்து 1729ஐக் கொடுத்தார். பகா எண் என்றது கணினி. மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு கன எண்களின் கூட்டலாக இரு விதத்தில் வரும் மிகச் சிறிய எண் என்று கணித அறிஞர் ஹார்டியிடம் சொன்ன ராமானுஜன், இந்த ரகசியத்தை மட்டும் கும்பகோணத்துக்காரர்களுக்கு விட்டுவைத்திருக்கிறார் என்று தெருவில் அறிவித்தார். பேரன் மனக்கணக்காக ஏழால் வகுத்தான். 247 வந்தது. அது 13 பெருக்கல் 19. ஃபெர்மா சோதனையை, தம்மோடு பொது வகுத்தி இல்லாத எந்த அடியில் வைத்துப் பார்த்தாலும் ஏமாற்றுவதற்கென்றே பிறந்த கார்மைக்கேல் எண்களில் 1729 ஒன்று. அந்த ஏமாற்றமும் பகாசுரருக்குப் பெருமைதான்: "பாத்தீங்களா, கம்ப்யூட்டரையே ஏமாத்தியிருக்கு!"

ராமானுஜனுக்கு இவ்வளவு கற்பூரம் காட்டுகிறவர்களிடம் எஸ். எஸ். பிள்ளை என்று சொல்லிப் பாருங்கள், எந்த ஆபீஸ் என்பார்கள். குற்றாலம் பக்கத்து வல்லத்தில் 1901இல் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தி, எண் கோட்பாட்டின் வாரிங் கணக்கில் பெரும் சாதனை செய்து, 1950இல் அமெரிக்கா போகும் வழியில் கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்தவர். 23, 29, 59, 61, 67 என்று போகும் 'பிள்ளை பகா எண்கள்' அவர் பெயரைத் தாங்கியவை. எங்கள் பகாசுரரிடம் சொன்னேன். "நம்ம பிள்ளைவாள்தானே" என்று உடனே உறவு கொண்டாடினார். மறுநாள் தெருவில் எனக்கே அதை விளக்கினார்.

இவர்களுடைய பெரிய கனவு ஒன்றுதான்: உலகம் அறியாத ஒரு தொடர். அதற்கு எமன், நீல் ஸ்லோன் 1964இல் மாணவராக இருந்தபோது சேர்க்கத் தொடங்கிய முழு எண் தொடர்களின் கலைக்களஞ்சியம். 1973இல் புத்தகமாக வந்தபோது அதில் 2372 தொடர்கள். 1996இல் இணையத்துக்கு ஏறி, இன்று மூன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. பகாசுரர் இரவு முழுக்க உட்கார்ந்து உருட்டிய எண்களைக் காலையில் அதில் போட்டுத் தேடுவார். அரை விநாடியில், எப்போதோ யாரோ கண்டுபிடித்துக் குறிப்பு எழுதி, எண் போட்டு வைத்திருப்பது தெரியும். நியூயார்க் நகர ரயில் நிற்கும் தெருக்களின் எண்களைக்கூட 53ஆம் தொடராகச் சேர்த்திருக்கிறார்கள் என்று பார்த்த அன்று அவருக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "ரயில் நிக்கிற எடமெல்லாம் கணிதமா?" என்றார். பிறகு ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனதைப் பலர் பார்த்திருக்கிறார்கள்.

கடைசியில் தொடர் கிடைத்தது வாசலில். மார்கழி மாதம். மனைவி கோலம் போட, இவர் காபி டம்ளரோடு திண்ணையில் இருந்து எண்ணிக்கொண்டிருந்தார். ஊடுபுள்ளிக் கோலத்தில் மூணு புள்ளி இரண்டு வரை வைத்தால் இரண்டு, மூன்று, இரண்டு, ஆக ஏழு. அஞ்சு புள்ளி மூணு வரை வைத்தால் 19. ஏழு புள்ளி நாலு வரை, 37. ஒன்பது புள்ளி அஞ்சு வரை, 61. டம்ளர் கீழே வைக்கப்பட்டது. எல்லாமே பகா எண்! நம் பாட்டிகள் இதை அறிந்துதான் புள்ளி வைத்திருக்கிறார்கள் என்று ஒரு கட்டுரையே மனத்தில் ஓடிவிட்டது. தெருவில் நாலு பேரைக் கூட்டியாயிற்று.

"அடுத்தது பதினொண்ணு புள்ளி ஆறு வரை. தொண்ணூத்தொண்ணு. பாத்தாலே தெரியுது, பகா எண்!"

"ஏழு பதிமூணு தொண்ணூத்தொண்ணு" என்றார் மனைவி, தலையைத் தூக்காமல். ஏலச்சீட்டு நடத்துகிறவர்.

பகாசுரர் உள்ளே ஓடினார். லேப்டாப் மனைவி பக்கம் சேர்ந்துகொண்டது. எனக்குப் பாவமாக இருந்தது. இதைவிடப் பெரிய ஏமாற்றமெல்லாம் உண்டு என்று ஆறுதல் சொன்னேன். ஆய்லர் சொன்ன சூத்திரம் ஒன்று இருக்கிறது: ஓர் எண்ணை அதன் வர்க்கத்தோடு கூட்டி 41 சேர்ப்பது. 0 முதல் 39 வரை எதைப் போட்டாலும் பகா எண்ணே வரும், நாற்பதாவது முறைவரை நம்பவைத்துவிட்டு, 40ஐப் போட்டதும் 41 பெருக்கல் 41 என்று காலை வாரும். கோலம் நாலோடு விட்டதே. பகாசுரர் காதில் ஏறவில்லை. தோற்ற எண்களைத் தூக்கிவிட்டு மிச்சத்தை மட்டும் ஒரு தொடராக்கும் வேலையில் இறங்கியிருந்தார்: 7, 19, 37, 61, 127, 271. கலைக்களஞ்சியத்தில் அதுவும் இருந்தது. அடுத்தடுத்த கன எண்களைக் கழித்தால் வரும் பகா எண்கள், ரூர்க்கியில் பாடம் நடத்திய ராணுவப் பொறியாளர் கன்னிங்ஹாம் நூறாண்டுக்கு முன்பே பெயர் வைத்தவை. "அவரு இந்தியாவுல இருந்தவரு. கோலத்தப் பாத்துத்தான் எழுதியிருப்பாரு" என்று வழக்கு அந்தத் திசையில் தொடர்கிறது.

பொங்கலன்று வாசலில் பகா எண் கோலம்தான் என்று முடிவு செய்தார். பத்தொன்பது புள்ளி பத்து வரை, மொத்தம் 271. அவ்வளவு பெரிதாகப் போட முதுகு தாங்காது, வேண்டுமென்றால் நீங்களே புள்ளி வையுங்கள் என்று மனைவி மாவுக் கிண்ணத்தை நீட்டிவிட்டார். பகாசுரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். வைத்து முடித்ததும் அம்மாள் வந்து கம்பி இழுக்க ஆரம்பித்தார். எங்கேயும் சேரவில்லை.

"என்னங்க, நடு வரிசையில பதினெட்டுதான் இருக்கு?"

"பத்தொம்பது வரைன்னா பதினெட்டோட நிக்கணும். அதான் முறை. கடைசி எண் வராது."

அம்மாள் ஒன்றும் சொல்லாமல் ஒவ்வொரு வரிசையிலும் ஒரு புள்ளி சேர்த்துக் கோலத்தை முடித்தார். பிறகு உள்ளே போய்த் தட்டை வைத்து, "நாலு பொங்கல் வடை வரைக்கும் சாப்பிடலாம், வாங்க" என்று கூப்பிட்டார். தட்டில் மூன்று இருந்தது.