மால்டா கடை மூடியாச்சு!

(இந்த வாரம் வந்த கேள்விகளில் பாதிக்குமேல் ஐரோப்பா போகிற கேள்விகள். மற்றவர்கள் பொறுத்தருள்க.)

ஐரோப்பியக் குடியுரிமை சல்லிசாக எந்த நாட்டில் கிடைக்கும்?
*– ஜவுளி வியாபாரி, ஈரோடு*

விலை கேட்காமல் ஈரோட்டுக்காரர் கடைக்குள் கால் வைக்கமாட்டார், தெரியும். ஆனால் இந்தச் சரக்குக்கு விலைப்பலகை மாட்டியிருந்த கடைகள் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கிவிட்டன. 2020-இல் அல் ஜசீராவின் ரகசியக் கேமராவில் சில பெரிய மனிதர்கள் சிக்கியதும் சைப்ரஸ் மூடியது. 2022-இல் பல்கேரியா. கடைசிவரை வியாபாரம் பார்த்தது மால்டா. மூன்று வருஷம் காத்திருந்தால் 6 லட்சம் யூரோ, ஒரே வருஷத்தில் வேண்டுமென்றால் 7.5 லட்சம். ஏறக்குறைய நம்மூர் தட்கல். 2025 ஏப்ரல் 29 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், ‘குடியுரிமையை இப்படி விற்கக் கூடாது’ என்று தீர்ப்பளித்து அதையும் முடித்துவைத்தது.

மிச்சமிருப்பது வேறு மாதிரி வியாபாரம். அங்கே உங்களிடம் கேட்பது வருஷங்களை. கூடவே கொஞ்சம் இலக்கணத்தை.

அப்படியானால் கோல்டன் விசா?
*– அதே ஈரோடு, வேறு கடை*

அது குடியுரிமை அல்ல, தங்கும் உரிமை. அதுவும் தேய்ந்துகொண்டே வருகிறது. வெளிநாட்டார் வாங்கிக் குவித்ததில் உள்ளூர்க்காரருக்கு வாடகைக்கு வீடு இல்லை என்று கூச்சல் கிளம்பியது. போர்ச்சுகல் 2023-இல் வீடு வாங்கும் வழியை அடைத்தது. ஸ்பெயின் 2025 ஏப்ரலில் திட்டத்தையே நிறுத்தியது. கிரீஸில் ஒரு காலத்தில் இரண்டரை லட்சம் யூரோவுக்கு ஏதென்ஸில் வீடு வாங்கி உட்காரலாம்; 2024 முதல் அங்கே 8 லட்சம். யூரோவை நூறு ரூபாய் என்று வைத்தாலே எட்டுக் கோடி. ‘சல்லிசு’ என்று ஆரம்பித்தவர் நீங்கள்தான்.

இத்தாலியில் ஒரு யூரோவுக்கு வீடு தருகிறார்களாமே, நிஜமா?
*– குடும்பத் தலைவி, மதுரை*

நிஜம். சிசிலியில் சம்புகா, முசொமெலி போன்ற ஊர்களில் இளசுகள் எல்லாம் நகரத்துக்குப் போய்விட, பாழடைந்த வீடுகளை அடையாள விலைக்கு விட்டார்கள். ஆனால் சொன்ன கெடுவுக்குள் புதுப்பிக்க வேண்டும், அதற்கு முன்பணமும் கட்ட வேண்டும். கொத்தனார் கூலி ஒரு யூரோ இல்லை. முக்கியமான விஷயம்: வீட்டுப் பத்திரம் கையில் இருப்பதால் விசா வராது. சொந்த வீட்டின் திண்ணையில் எந்த 180 நாளிலும் 90 நாள்தான் உட்காரலாம், அதுவும் ஷெங்கன் விசா எடுத்துக்கொண்டு. ஒரு யூரோவுக்கு வீடு வாங்கி, அதைப் பார்க்கப் போக ஒவ்வொரு தடவையும் 90 யூரோ விசாக் கட்டணம். கணக்கு உதைக்கிறது.

பென்ஷன் வருகிறது. பிள்ளைகளுக்குப் பாரமாக இருக்க விருப்பமில்லை. ஐரோப்பாவில் போய் நிம்மதியாக இருக்க முடியுமா?
*– ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, கும்பகோணம்*

முடியும் சார். உங்களுக்கென்றே தைத்த சட்டை மாதிரி ஒன்று போர்ச்சுகலில் இருக்கிறது, டி7 விசா. வேலை பார்க்காமல் வரும் வருமானம், அதாவது பென்ஷன், வாடகை, டிவிடெண்டு எல்லாம் சேர்ந்து அந்த நாட்டுக் குறைந்தபட்சச் சம்பள அளவுக்கு வந்தால் விண்ணப்பிக்கலாம். 2025-இல் அந்தத் தொகை மாதம் 870 யூரோ. மனைவியையும் அழைத்துப் போனால் அதில் பாதி கூடுதல். ஒரு வருஷச் செலவுக்கான பணம் வங்கியில் இருப்பதும், அங்கே வாடகைக்கு வீடு பிடித்ததற்கு அத்தாட்சியும் கேட்பார்கள்.

இப்போது கசப்பு மாத்திரை. ஒன்று, லிஸ்பன் வாடகை கும்பகோணம் வாடகை அல்ல. 870 யூரோ என்பது உள்ளே விடுவதற்கான கணக்கு, வாழ்வதற்கான கணக்கு இல்லை. உள்நாட்டுச் சின்ன ஊர்களைப் பாருங்கள். இரண்டு, அங்கே குடியிருந்தால் உங்கள் இந்தியப் பென்ஷனும் அவர்கள் வரிக்கணக்கில் வரும். போகுமுன் ஆடிட்டரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். மூன்று, குடிவரவு அலுவலகத்தில் தேங்கிய கோப்புகள் லட்சக்கணக்கில். பழைய அலுவலகத்தைக் கலைத்துவிட்டு 2023-இல் புதுப் பெயரில் ஒன்று திறந்தார்கள். கோப்புகளும் கூடவே குடிமாறி வந்துவிட்டன.

குடியுரிமைக்கு ஐந்து வருஷம், அடிப்படைப் போர்ச்சுகீஸ் தேர்வு என்பதுதான் எல்லோரையும் அங்கே இழுத்தது. அந்த ஐந்தைப் பத்தாக்க 2025 அக்டோபரில் நாடாளுமன்றம் வாக்களித்தது. டிசம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் சில பகுதிகளை நிராகரித்தது. ஆகவே ‘அஞ்சு வருஷத்துல பாஸ்போர்ட் கேரண்டி’ என்று யாராவது சொன்னால், காபி குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஸ்பெயினிலும் இதே மாதிரி ஒன்று உண்டு. ஆனால் வருஷத்துக்கு 28,800 யூரோ வருமானம் காட்ட வேண்டும், நமக்குக் குடியுரிமைக்குப் பத்து வருஷம். லத்தீன் அமெரிக்கர்களுக்கும் பிலிப்பைன்ஸ்காரர்களுக்கும் இரண்டே வருஷம். ஒரு காலத்தில் அவர்களை ஆண்டதற்குக் கொடுக்கும் வட்டி.

எஸ்டோனியாவில் இ-ரெசிடென்சி எடுத்திருக்கிறேன். அடுத்து என்ன?
*– ஐ.டி. ஊழியர், கோவை*

அடுத்து, அதே நாற்காலியில் உட்கார்ந்து கம்பெனி நடத்துவது. 2014-இல் வந்த அந்த அட்டை இணையத்தில் கையெழுத்துப் போட, நிறுவனம் தொடங்க உதவும். விமான நிலையத்தில் நீட்டினால் அழகான அட்டை என்று பாராட்டித் திருப்பித் தருவார்கள்.

குழந்தை அங்கே பிறந்தால் குடியுரிமை தானாக வந்துவிடுமா?
*– ஒரு வாசகி, வேலூர்*

அது அமெரிக்க சினிமா. ஐரோப்பாவில் பிறந்த மண்ணை மட்டும் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தது அயர்லாந்து. 2004-இல் மக்களிடம் வாக்கெடுத்து அதையும் நிறுத்திவிட்டார்கள். ஜெர்மனியில், பிறக்கும்போது அப்பாவோ அம்மாவோ ஐந்து வருஷம் முறையாக வாழ்ந்து, நிரந்தரமாகத் தங்கும் உரிமையும் வைத்திருந்தால் குழந்தை ஜெர்மன். ஆக, முதலில் போக வேண்டியவர் நீங்கள், பாப்பா பிறகு.

மகன் மெக்கானிக்கல் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான். கையில் பத்துப் பன்னிரண்டு லட்சம் புரட்டலாம். எங்கே அனுப்பலாம்?
*– ஒரு தகப்பனார், திருச்சி*

சரியான கேள்வி, சரியான தொகை. இந்தப் பத்தியில் உருப்படியாகப் பதில் சொல்லக்கூடியது இதற்குத்தான்.

ஜெர்மனி. அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கிடையாது; பருவத்துக்குச் சில நூறு யூரோ வரை பங்களிப்புத் தொகை, அவ்வளவுதான். விதிவிலக்குகளைக் கவனியுங்கள். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் வெளிநாட்டாருக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் கட்டணம் வாங்குகிறது. புகழ்பெற்ற பெயரைத் துரத்தாமல் கட்டணமில்லாத இடத்துக்குப் போனால் மிச்சம்.

நீங்கள் புரட்டும் பணம் போகுமிடம் ‘ப்ளாக்டு அக்கவுண்ட்’. ஒரு வருஷச் செலவுக்கு 11,904 யூரோவை முன்கூட்டியே போட்டுவைக்க வேண்டும். மாதம் 992 வீதம் பையன் கைக்கே திரும்பி வரும். செலவு என்று பதறாதீர்கள், அது அவன் சாப்பாடும் வாடகையும். சான்றிதழ்களை ஏ.பி.எஸ். என்கிற ஜெர்மன் தூதரகப் பிரிவு சரிபார்த்த பிறகே விசா. அதற்கு 18,000 ரூபாய். இந்த வரிசையில் மாதக்கணக்கில் ஆகலாம், சீக்கிரமே நின்றுவிடுங்கள்.

படித்து முடித்ததும் வேலை தேட 18 மாதம் அவகாசம். படிப்புக்கேற்ற வேலையில் இரண்டு வருஷம் போனால், மொழியும் இருந்தால், நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு விண்ணப்பிக்கலாம். குடியுரிமைக்கு முன்பு எட்டு வருஷம். 2024 ஜூன் 27 முதல் ஐந்து. மூன்றே வருஷத்தில் கொடுத்த ‘டர்போ’ வழியை 2025 அக்டோபரில் எடுத்துவிட்டார்கள். குடியுரிமை விண்ணப்பத்துக்குக் கட்ட வேண்டிய கட்டணம் எவ்வளவு தெரியுமா? 255 யூரோ. மால்டா 6 லட்சத்துக்கு விற்றதும் இதே ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமைதான். இரண்டுக்கும் நடுவிலுள்ள விலை வித்தியாசத்தை உங்கள் பையன் பி1 நிலை ஜெர்மனாகவும் ஐந்து குளிர்காலமாகவும் கட்டுகிறான்.

மேற்படிப்பில் மனமில்லை என்றால் ‘அவுஸ்பில்டுங்’ பார்க்கட்டும். வாரத்தில் சில நாள் வகுப்பு, மீதி நாள் தொழிற்சாலையிலோ மருத்துவமனையிலோ வேலை, மாதாமாதம் சம்பளம். பி.இ. முடித்தவன் ஐ.டி.ஐ. மாதிரி ஒன்றுக்குப் போவதா என்று உறவில் யாராவது கேட்பார்கள். அவர்களை அடுத்த பொங்கலுக்கு ஸ்டுட்கார்ட்டிலிருந்து வீடியோ காலில் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

ஜெர்மன் ரொம்பக் கஷ்டமாமே!
*– மேற்படியாரின் மகன், திருச்சி*

தம்பி, தமிழில் வேற்றுமை எட்டு. ஜெர்மனில் நாலே நாலு. பாதி விலைத் தள்ளுபடி. தலைவலி வேறு இடத்தில். மேசை ஆண்பால், விளக்கு பெண்பால், ஆனால் ‘சிறுமி’ என்ற சொல் இரண்டும் இல்லை, மூன்றாவது பால். உயர்திணை அஃறிணை என்று பிரித்துப் படித்த நமக்கு நெஞ்சு பொறுக்காது. சென்னையில் மாக்ஸ் முல்லர் பவனில் சேர்ந்தால் பொறுக்கப் பழக்கிவிடுவார்கள். கிளம்புமுன் இங்கேயே பி1 முடி. அங்கே போய்ப் படித்துக்கொள்கிறேன் என்று போனவர்கள் மூன்று வருஷமாகத் தமிழ் நண்பர்களோடு சமைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆங்கிலம் மட்டும்தான் வரும். வழியே இல்லையா?
*– நர்ஸ், நாகர்கோவில்*

அயர்லாந்து. நர்ஸுகளும் ஐ.டி. ஆட்களும் அவர்களுடைய அவசியத் திறன் பட்டியலில் இருக்கிறார்கள். ஏறக்குறைய இரண்டு வருஷ வேலைக்குப் பிறகு பர்மிட் தளையில்லாமல் வேலை செய்யலாம். ஐந்து வருஷம் சேர்ந்ததும் குடியுரிமைக்கு மனுப் போடலாம். மனுவுக்கு 175 யூரோ, கிடைத்தால் 950. டப்ளினில் வேலை கிடைப்பது சுலபம், கட்டில் போட இடம் கிடைப்பது கஷ்டம். ஜெர்மன் படிக்கத் துணிந்தால் அங்கேயும் உங்களுக்குக் கதவு திறந்தே இருக்கிறது.

ஏஜென்ட் ஒருவர் 8 லட்சத்துக்கு ‘ஷெங்கன் ஒர்க் பர்மிட்’ வாங்கித் தருகிறாராம்…
*– லேத் ஆபரேட்டர், ஓசூர்*

ஷெங்கன் முழுமைக்கும் ஒர்க் பர்மிட் என்று ஒரு காகிதமே கிடையாது. ஒவ்வொரு நாடும் தனித்தனியாகக் கொடுப்பது அது; ஒரு குறிப்பிட்ட முதலாளி, ஒரு குறிப்பிட்ட வேலை. இல்லாத பொருளுக்கு எட்டு லட்சம் விலை வைக்க ஒரு தைரியம் வேண்டும். இன்னொன்று: வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் 1983-ஆம் வருஷச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும், உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. அவருடைய பதிவு எண்ணைக் கேளுங்கள். பேச்சு உடனே வேறு திசைக்குப் போகும்.

‘செர்பியாவில் இறங்கி நடந்துவிடலாம்’ என்று அழைத்துப் போன காலமும் உண்டு. அந்த நாடு 2023 ஜனவரி 1 முதல் நமக்கு விசா கேட்கிறது. காட்டு வழி நடப்பவர்களின் காலையும் உயிரையும் பனி தின்றுவிடும். விளையாட்டில்லை.

என் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த ‘சொல்தா’. எனக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை வருமா?
*– ஒரு வாசகர், புதுச்சேரி*

உங்கள் கேள்விக்கு விடை ராணுவப் பதக்கத்தில் இல்லை, ஒரு தேதியில் இருக்கிறது. 1954 நவம்பர் 1-இல் புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவிடம் கைமாறினாலும், பிரான்ஸுடனான ஒப்பந்தம் சட்டப்படி நடப்புக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16-இல். அன்றிலிருந்து ஆறு மாதம் அவகாசம் கொடுத்தார்கள். புதுச்சேரியில் பிறந்து அங்கேயே குடியிருந்தவர், பிரெஞ்சுக்காரராகவே இருக்க விரும்புகிறேன் என்று எழுதிக்கொடுத்தால் பிரெஞ்சு, கொடுக்காவிட்டால் இந்தியர். ஒரே தெருவில், ஒரே வீட்டில்கூட, அண்ணன் பாரிஸ் தேர்தலுக்கு ஓட்டுப் போடுவதும் தம்பி ரேஷன் கார்டு வைத்திருப்பதும் அந்த ஆறு மாதத்தின் கூத்துதான்.

தாத்தா எழுதிக்கொடுத்திருந்தால், அந்தச் சங்கிலி அப்பா வழியாக உங்கள்வரை அறுபடாமல் வந்திருக்க வேண்டும். அரை நூற்றாண்டாகப் பிரெஞ்சுக் காகிதம் எதையும் தொடாத குடும்பம் என்றால், நிரூபிக்கவே விடமாட்டோம் என்றும் அவர்கள் சட்டத்தில் இருக்கிறது. பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். இந்தப் பத்தியிலேயே செலவில்லாத வழி உங்களுடையது. பூச்சி அரிக்காமல் இருந்தால். (கோவாக்காரர்களுக்கு இதே போல 1961 டிசம்பர் 19 என்ற தேதி. அதற்கு முன் அங்கே பிறந்தவர்களையும் வாரிசுகளையும் போர்ச்சுகல் இன்னும் சொந்தமாகப் பார்க்கிறது.)

தாத்தா இல்லை. நானே பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேரலாமா?
*– உடற்பயிற்சி ஆசிரியர், சேலம்*

1831-இல் தொடங்கிய ‘வெளிநாட்டார் படை’ இன்றும் இருக்கிறது. பதினேழரை வயதிலிருந்து முப்பத்தொன்பதரைக்குள், ஆண்கள் மட்டும், ஐந்து வருஷ ஒப்பந்தம். மூன்று வருஷம் ஆனதும் குடியுரிமை கேட்கலாம். போரில் அடிபட்டால் சிந்திய ரத்தத்துக்காகவே கேட்கலாம். கட்டணம் இல்லைதான். சல்லிசு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விசாவே இல்லாமல் குடியேறக்கூடிய இடம் ஐரோப்பாவில் உண்டா?
*– கல்லூரி மாணவர், தூத்துக்குடி*

உண்டு. நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்ட் தீவுகள். 1920-ஆம் வருஷ ஒப்பந்தத்தின் புண்ணியத்தில் எந்த நாட்டவரும் விசா இன்றி வாழலாம். ஆனால் விமானம் நார்வே வழியாகத்தான், அதற்கு ஷெங்கன் விசா வேண்டும். உங்களை நீங்களே காப்பாற்றிக்கொள்ள வருமானம் வேண்டும். குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சூரியன் வராது, ஊரைத் தாண்டினால் பனிக்கரடிக்காகத் துப்பாக்கியோடு போக வேண்டும். இத்தனையும் தாங்கி எத்தனை வருஷம் இருந்தாலும் நார்வே குடியுரிமைக் கணக்கில் அது சேராது. தூத்துக்குடி வெயிலே தேவலை என்றிருக்கும்.

சித்தி சுவிட்சர்லாந்தில் பல வருஷம். இன்னும் பாஸ்போர்ட் எடுக்கவில்லை. சோம்பலா?
*– ஒரு வாசகி, யாழ்ப்பாணம்*

சித்தியைத் திட்டாதீர்கள். பத்து வருஷம் கழிந்த பிறகு மத்திய அரசு, மாநிலம், ஊராட்சி என்று மூன்று படியிலும் ‘சரி’ வாங்க வேண்டும். சில ஊர்களில் ஊர்க்கூட்டமே கூடித் தீர்மானிக்கும். முன்பு எம்மென் என்ற ஊரில் வாக்குச்சீட்டில் போட்டுப் பெயர் பெயராகத் தள்ளினார்கள். 2003-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது. சித்திக்கு அக்கம்பக்கத்தார் எப்படி என்று விசாரியுங்கள். (சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.)

ஜெர்மன் குடியுரிமை வாங்கினால் இந்தியப் பாஸ்போர்ட்டையும் வைத்துக்கொள்ளலாம்தானே? அவர்கள் இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறார்களே.
*– மென்பொருள் பொறியாளர், பெர்லின்*

அவர்கள் அனுமதிக்கிறார்கள், நாம் அனுமதிக்கவில்லை. அந்தச் சான்றிதழைக் கையில் வாங்கிய நொடியே இந்தியக் குடியுரிமை போய்விடுகிறது; பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும், ரத்து முத்திரை குத்தி நினைவுக்குத் திருப்பித் தருவார்கள். பதிலுக்கு ஓ.சி.ஐ. அட்டை எடுக்கலாம். ஆயுசுக்கும் விசா இல்லாமல் வந்து போகலாம், வீடு வாங்கலாம். ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. ஊர்ப்பக்கம் தென்னந்தோப்பு ஏதாவது பார்த்து வைத்திருந்தால் மறந்துவிடுங்கள்; வெளிநாட்டில் வசிக்கும் இந்தியருக்கே அதை விலைக்கு வாங்க அனுமதி இல்லை.