சாட்சிக்கு ஒரு மெஷின்

தேனீ வளர்ப்பவர்களிடம் ஒரு விசித்திரம் உண்டு. பெட்டி எவ்வளவு குறைவோ, தேன் எடுக்கும் மெஷின் மீதான ஆசை அவ்வளவு பெரிது. ரப்பர் தோட்டம் தோட்டமாகப் பெட்டி வைத்துப் பிழைக்கும் மார்த்தாண்டத்துக்காரர், நசுங்கிப்போன பழைய டிரம் ஒன்றை வைத்துக்கொண்டே சீசனை முடித்துவிடுவார். கொல்லையில் இரண்டு பெட்டி வைத்திருக்கும் என்னைப் போன்றவர்கள்தான், மோட்டார் வைத்து, கண்ணாடி மூடி போட்ட மெஷினின் படத்தை போனில் சேமித்துக்கொண்டு திரிவோம்.

மெஷின் விற்கும் கடைக்காரர் அந்தப் படத்தைப் பார்த்தார். "சாரே, பெட்டி எத்தன?"

"ரெண்டு."

அவர் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. "இது நெறையணும்னா உங்க தேனீயெல்லாம் நைட் ஷிப்டும் பாக்கணும்" என்றார், மிகுந்த அனுதாபத்தோடு.

கணக்கு அவர் பக்கம்தான். நம் இந்தியத் தேனீ சராசரியாகப் பெட்டிக்கு வருஷத்தில் 6 முதல் 8 கிலோ தரும். சக்கரத்து ஆரக்கால் போலத் தேனடைச் சட்டங்களை நிறுத்தி, இரண்டு பக்கத் தேனையும் ஒரே சுற்றில் எடுக்கும் பெரிய டிரம், இத்தாலியத் தேனீயின் பெரிய சட்டங்களுக்கானது. நம்முடையது நியூட்டன் பெட்டி. ஆப்பிள் விழுந்ததைப் பார்த்தவர் அல்ல, திருச்சியில் இருந்த பாதிரியார் நியூட்டன். அதன் சட்டம் சின்னது, அடை மெத்தென்று இருக்கும். அதற்குக் கம்பிவலைக் கூடையில் அடையின் முகம் டிரம்மின் சுவரைப் பார்க்கும்படி வைக்கிற மெஷினே ஏற்றது. ஒரு பக்கம் முடிந்ததும் சட்டத்தைத் திருப்பி வைக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு சட்டம் போதும். கையால் சுற்றுவது போதும். உணவுக்குரிய எவர்சில்வரா, பல்சக்கரம் உலோகமா என்று மட்டும் பார்த்து வாங்கினேன். தேன் புளிப்புத் தன்மை உள்ளது. துத்தநாகம் பூசிய தகரத்தை மெல்ல அரித்து, நாம் கேட்காத சத்தையும் சேர்த்துக் கொடுக்கும்.

இந்த மெஷினின் மூதாதையை 1865இல் உலகுக்குக் காட்டியவர் ஆஸ்திரிய ராணுவத்தில் மேஜராக இருந்த ஃபிரான்ஸ் ஹ்ருஷ்கா. அவருடைய மகன் தேனடை இருந்த கூடையைக் கயிற்றில் கட்டிச் சுழற்ற, தேன் தெறித்ததைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது என்று ஒரு கதை. சுழற்றியது பிள்ளை, பெயர் அப்பாவுக்கு. எங்கள் வீட்டிலும் ஏறக்குறைய அதே ஏற்பாடுதான்.

ஏனென்றால் கைப்பிடி என்று ஒன்று இருந்தால், வந்தவர்கள் சுற்றாமல் போவதில்லை. மோட்டார் வைத்திருந்தால் சுவிட்சைப் போட்டுவிட்டு நான் தனியாக நின்றிருப்பேன். இப்போது தேன் எடுக்கும் நாளில் அத்தான், சித்தப்பா, எதிர்வீட்டுப் பையன் என்று வரிசை நிற்கிறது. கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் வேலை. இல்லாவிட்டால் உண்மையான சொந்தக்காரர்களும் ரீங்காரத்தோடு வந்து சேர்ந்துவிடுவார்கள். அறைகளில் முக்கால்வாசி மெழுகால் மூடியிருக்கும் அடையாகப் பார்த்து, வெந்நீரில் தோய்த்துத் துடைத்த கத்தியால் மூடியைச் சீவிக் கொடுப்பது என் பொறுப்பு. எதிரெதிரே எடை ஒத்த சட்டங்களாக வைக்க வேண்டும்; இல்லாவிட்டால் டிரம் நடனமாடிக்கொண்டே ஹாலுக்கு வந்துவிடும்.

அத்தான் கைப்பிடியைத் தொட்டால் தேர் இழுக்கும் வேகம். "அத்தான், மெதுவா!" என்று நான் கத்துவது ஆசாரத்துக்காக அல்ல. வெளிப்பக்கம் காலியாகும்போது உள்பக்கத் தேனின் பாரம் முழுவதும் அடையை வலையோடு அழுத்தும். எடுத்த எடுப்பில் வேகம் பிடித்தால் அடை பிய்ந்துபோகும். முதல் பக்கத்தைப் பாதி எடுத்துத் திருப்பி, மறுபக்கத்தை முழுசாக எடுத்து, மறுபடி திருப்பி மீதியை எடுக்க வேண்டும். இதை அத்தானுக்குப் புரியவைப்பதைவிட ராணித் தேனீக்குப் புரியவைப்பது சுலபம்.

சுற்ற ஆள் வரும், கழுவ வராது. என் மனைவி இதைப் பலமுறை, பலர் முன்னிலையில் குறிப்பிட்டிருக்கிறாள். முதலில் பச்சைத் தண்ணீரில்தான் கழுவ வேண்டும். ஆர்வக்கோளாறில் வெந்நீர் ஊற்றினால் மெழுகு உருகி டிரம் முழுவதும் பூசிக்கொள்ளும். பிறகு அடுத்த சீசன் வரை சுரண்டலாம். துடைத்துக் காயவைத்துக் கவிழ்ப்பதற்குள் எறும்புகளும் பந்திக்கு உட்கார்ந்திருக்கும்.

இத்தனை பாடும் நான் படுவது தேனுக்காக அல்ல, சாட்சிக்காக. வெறும் பாட்டிலில் கொடுத்தால், வாங்குகிற ஒவ்வொருவரும் தண்ணீரில் விட்டுப் பார்ப்பார், தீக்குச்சியில் தொட்டுப் பற்றவைத்துப் பார்ப்பார். தன் கையால் சுற்றி, திறந்த குழாயிலிருந்து வடிகட்டியில் இறங்குவதைத் தானே பார்த்தவர் எப்படிச் சந்தேகப்படுவார்? அப்படித்தான் நினைத்திருந்தேன்.

எங்கள் பக்கத்துத் தேன் பெரும்பாலும் ரப்பர் தேன். பூவிலிருந்துகூட அல்ல, தளிர் இலையின் காம்பு நுனியில் சுரக்கும் இனிப்பிலிருந்து வருவது. சீக்கிரமே உறைந்து அடியில் மணல் மணலாகப் படியும். அதன் சுபாவம் அது. பாட்டில் கொண்டுபோன அத்தான் கொஞ்ச நாளில் போன் செய்தார்.

"மாப்ளே, அடியில சீனி கெடக்கே?"

"அத்தான், நீங்கதானே உங்க கையால சுத்துனீங்க?"

"சுத்துனது நான்தான். பாட்டில்ல ஊத்துனது நீ இல்லியா?"