இழுத்துப் பார்த்தாச்சா?

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே தேயிலைத் தோட்டத்து லயத்து வாசல்களில் சாமான் இறங்கிவிடும். டிரங்குப் பெட்டி, பித்தளைக் குடம், கரியேறிய சட்டிகள், பஞ்சு மெத்தை, கண்ணாடி விரிந்த கல்யாணப் படம், பாடாத ரேடியோ என்று எல்லாம் கொஞ்சம் வெயிலுக்காக வெளியே வந்து காத்திருக்கும். பெண்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கூரைத் தகரத்துப் புகைக்கரியைத் தட்டுவார்கள். அந்த நேரம் பார்த்து பூட்டு மாமா ஒரு பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டு, சாமான் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார்.

"இப்புடிப் பரப்பி வச்சா வீட்ல என்னென்ன இருக்குன்னு ஊருக்கே தெரிஞ்சிராதா?"

"தெரியட்டுங்க. பாத்துப் பாவப்பட்டு யாராச்சும் ரெண்டு சாமான் வச்சிட்டுப் போவாங்க. அந்த வாளியத் தூக்குங்க."

வாளி தூக்க முடியாது. மாமா காவலில் இருக்கிறார்.

ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலை, எந்தப் பக்கம் போனாலும் டிவிசனுக்கு ஒருவர் இப்படி உண்டு. பெரும்பாலும் கொழும்பில் செக்கியூரிட்டி வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவராக இருப்பார். சட்டைப் பையில் சாவிக்கொத்து, கையில் டொர்ச். மற்ற நாட்களில் டொர்ச்சோடு நிற்பவருக்கு வருசத்துக்கு ஒருமுறை, வீடு தலைகீழாகக் கிடக்கும் இந்தத் தீபாவளிச் சுத்தத்தின்போதுதான் பாதுகாப்பைச் சீர்திருத்தும் வேகம் வரும். சுண்ணாம்பு வாங்கிவர ஹட்டனுக்கு அனுப்பினால் சுண்ணாம்பை மறந்து பூட்டோடு வருவார். ஹார்ட்வெயார் கடையில் விலை கேட்பதற்கு முன்னால் எத்தனை லீவர் என்றுதான் கேட்பார். ஏழு என்று கடைக்காரர் சொன்னால் முகத்தில் ஒரு நிம்மதி.

பூட்டு வாங்குவதைக்கூட மன்னித்துவிடலாம். பூட்டிய பிறகு அவர் அதை இழுத்துப் பார்ப்பதைத்தான் மனைவி மக்களால் தாங்க முடியவில்லை.

சாவியைத் திருப்பி எடுத்ததும் கீழ்நோக்கி ஓர் இழுப்பு. அது பூட்டு விழுந்ததா என்று பார்க்க. பிறகு இடமும் வலமுமாக ஓர் ஆட்டு. அது கொண்டியின் நிலவரம் அறிய. மூன்றாவதாக, கதவையே முன்னும் பின்னும் உலுக்குவார். எதற்கென்று அவரே சொன்னதில்லை. படி இறங்குவார். நாலு எட்டு வைத்ததும் முதுகில் யாரோ தட்டியதுபோல நின்று, திரும்பி ஏறி வந்து மறுபடியும் ஓர் இழுப்பு. கீழே ரோட்டில் பஸ் ஹோர்ன் அடிக்கும். பிள்ளைகள் ஓடிப்போய் ஒரு காலை மிதிபலகையில் வைத்துக்கொண்டு, "அப்பா வர்றாரு, அப்பா வர்றாரு" என்று கொண்டக்டரைக் கெஞ்சுவார்கள். அப்பா வருவார்தான். ஆனால் பாதிப் படியில் நின்று, மேலே பார்த்து, இங்கிருந்தே பூட்டு தெரிகிறதா என்று கண்ணைச் சுருக்குவார். அதை விட்டால் தோட்டத்துக்கு அடுத்த பஸ் லேசில் வராது.

மாசி மகத்துக்கு மாத்தளை முத்துமாரியம்மன் தேர் பார்க்கக் குடும்பத்தோடு போன வருடம் கண்டியைத் தாண்டியதும் ஆரம்பித்தார்: "நா பூட்டுனேனா?" பூட்டினீர்கள் என்று மனைவி சொன்னார். "இழுத்துப் பாத்தேனா?" பார்த்தீர்கள் என்று மகள் சொன்னாள். அம்மன் தேரில் வரும்போது ஊரே கைகூப்ப, இவர் கை மட்டும் சட்டைப் பைக்குள் சாவியைத் தடவிக்கொண்டிருந்தது. அடுத்த முறை இந்தத் தொல்லையே வேண்டாமென்று மகன் ஒரு வழி சொன்னான். பூட்டியதும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், சந்தேகம் வந்தால் பாருங்கள். நல்ல யோசனைதான். தலவாக்கலை வரை தாங்கியது. அங்கே புதுச் சந்தேகம் முளைத்தது: "படம் எடுத்ததுக்கப்புறம் எதுக்காச்சும் தொறந்தேனா?"

சொந்தப் பூட்டோடு நிறுத்துகிறவரும் இல்லை. பக்கத்துக் காம்பராக்காரர்கள், அதாவது அடுத்த லயத்து அறைக்காரர்கள், பூட்டிவிட்டுப் போனால் மரியாதைக்காக அதையும் ஓர் இழுப்பு. கோயில் உண்டியலை ஓர் இழுப்பு. ஹட்டனில் வங்கி வாசல் இரும்புக் கேட்டை இழுத்துப் பார்த்து, அங்கிருந்த காவலாளியிடம் வாங்கிக்கட்டிக்கொண்டதாக ஒரு பேச்சு உண்டு, மாமா மறுக்கிறார். லயத்துப் பொடியன்கள் இப்போது வணக்கம் சொல்வதில்லை. "இழுத்துப் பார்த்தாச்சா மாமா?" என்றுதான் கேட்கிறார்கள். கேலி என்று அவருக்கு விளங்குவதில்லை. "ஆச்சு, ஆச்சு" என்று தலையாட்டிவிட்டுப் போவார். பத்து எட்டுத் தள்ளிப் போனதும் கை தானாகப் பைக்குள் போகும்.

இத்தனை இழுப்புக்கும் பூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனது கொண்டிக்கு. பழைய லயத்துக் கதவு நிலை, மழையும் பனியும் குடித்து ஊறிய மரம். அதில் மூன்று திருகாணிகள். மேல் ஆணி விரலால் திருகினாலே கையோடு வந்துவிடும். துளைக்குள் நெருப்புக் குச்சியைச் செருகி அதைப் பிடித்து வைத்திருக்கிறார். நடு ஆணியின் தலை துருப்பிடித்துக் கரைந்துவிட்டது. கீழ் ஆணி மட்டும்தான் குடும்பத்தைக் காப்பாற்றுகிறது. மூன்றும் வெளிப்பக்கம் பார்த்திருக்கின்றன. கள்ளன் ஒரு திருப்புளியோடு வந்தால் ஏழு லீவர் பூட்டைத் தொடவே வேண்டாம். கொண்டியோடு சேர்த்துக் கழற்றிப் படியில் வைத்துவிட்டு உள்ளே போகலாம், பூட்டு பூட்டியபடியே இருக்கும். மடிந்து ஆணித்தலைகளை மூடிவிடும் கொண்டியோ, மரத்தை ஊடுருவி உள்ளே நட் போட்டு இறுக்கும் போல்ட்டோ அதே கடையில் பூட்டை விட மலிவு. அதைப் பற்றி மாமா கேட்டதே இல்லை.

எண்ணெய் விஷயமும் இதே கதைதான். பனிக்குப் பூட்டு இறுகினால் சாவித் துளையில் தேங்காய் எண்ணெயைச் சொட்டுவார். அது தூசியையும், சுத்தம் நடக்கும் வாரத்தில் பறக்கும் சுண்ணாம்புத் தூளையும் பிடித்துப் பசையாகிவிடும். பென்சில் கரியைச் சுரண்டிப் போட்டால் போதும் என்று பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்து மகள் சொன்னாள். பென்சிலாலா பூட்டைத் திறப்பது என்று கேட்டார்.

நம்பர் பூட்டு ஒன்றும் வாங்கினார். நம்பர் மறந்துவிடக் கூடாதென்று சுவர்க் கலண்டரில் எழுதி வைத்தார். சுத்தம் செய்யும்போது கலண்டர் வாசலுக்கு வந்தது.

சரி, உள்ளே அப்படி என்னதான் இருக்கிறது? நகை இல்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் அடகுக்குப் போனது இன்னும் திரும்பவில்லை. வங்கிப் பெட்டகத்தில் அவர் வீட்டை விடப் பத்திரமாக இருக்கிறது. தீபாவளி முற்பணம் கைக்கு வந்த அன்றே புடவைக்கும் மாவுக்கும் போய்விடும், பிறகு மாதாமாதம் சம்பளத்தில் கழிவது மட்டும்தான் மிச்சம். அதே 2022இல் 12.5 கிலோ லிட்ரோ கேஸ் சிலிண்டர் 4,860 ரூபாய்க்கு ஏறியபோது, வீட்டிலிருந்த ஒரே சிலிண்டரைச் சங்கிலி போட்டு மேசைக் காலோடு பூட்டினார். சிலிண்டர் காலி. கேஸ் கிடைக்காமல் நாடே வரிசையில் நின்ற மாதங்களில் மனைவி கவ்வாத்து விறகில்தான் சமைத்தார். ஆனாலும் சங்கிலியை இழுத்துப் பார்க்காமல் மாமா படுக்கவில்லை.

அவருடைய பொற்காலம் 2011 ஆகஸ்ட். கிறீஸ் பூதம் வந்த மாதம். உடம்பெல்லாம் கிறீஸ் பூசிக்கொண்டு, பிடித்தால் வழுக்கி ஓடுகிற ஒருவன் பெண்களைத் தாக்குகிறான் என்ற பேச்சு மலையகத்திலும் கிழக்கிலும் பற்றிக்கொண்டது. மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகவே பெண்கள் பயந்தார்கள், ஆண்கள் பொல்லும் டொர்ச்சுமாக விடிய விடிய விழித்திருந்தார்கள். அந்தப் பீதி விளையாட்டாக முடியவில்லை. ஹல்துமுல்லைப் பக்கம் சந்தேகத்தின்பேரில் இரண்டு பேர் கொல்லப்பட்டார்கள், புத்தளத்தில் ஒரு பொலிஸ்காரர் உயிர் போனது. மாமாவின் நினைவில் இதெல்லாம் மங்கிவிட்டது. தான் சொல்லித்தான் லயமே உள்தாழ்ப்பாள் போட்டது என்பது மட்டும் துலக்கமாக இருக்கிறது. எந்தப் பாதுகாப்புச் செலவுக்கு மனைவி மூக்கைச் சுளித்தாலும், "கிறீஸ் பூதம் வந்தப்ப யாரு காப்பாத்துனா?" என்பார். பூதம் அந்த டிவிசன் பக்கம் வரவேயில்லை. தன்னால்தான் வரவில்லை என்பது அவர் கட்சி.

வாசல் பக்கம் கம்பிச் சுருக்கு வைக்கலாமா என்றும் ஒருமுறை யோசித்தார். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் லக்சபான தோட்டத்தில் சுருக்கில் மாட்டிச் செத்துப்போன கருஞ்சிறுத்தையை மகள் ஞாபகப்படுத்தினாள். கள்ளன் மாட்டுவானோ இல்லையோ, வனஜீவிக்காரர்களிடம் நீங்கள் மாட்டுவீர்கள் என்றாள். யோசனை அத்தோடு நின்றது.

போன வருடம் மகன் கொழும்பிலிருந்து ஒரு கமரா கொண்டுவந்து இஸ்தோப்பு மூலையில் மாட்டினான். பகலில் நன்றாகத்தான் தெரிகிறது. இரவில் பனி இறங்கினால் கமராவின் அகச்சிவப்பு வெளிச்சம் பனித்துளிகளில் பட்டுத் திரும்பி, திரை முழுக்க வெள்ளை. மாமா போனை மூக்கருகே வைத்துக்கொண்டு அந்த வெள்ளையை மணிக்கணக்கில் பார்ப்பார். "ஏதோ அசையுது" என்பார். அசைவது லென்ஸுக்கு முன்னால் சிலந்தி. இந்தத் தீபாவளிக்கு அந்த மூலையில் ஒட்டடை அடிக்கக்கூடத் தடை, கமரா திரும்பிவிடுமாம். தெளிவாகப் பதிவாகியிருப்பது ஒரே காட்சிதான்: பட்டப்பகலில் ஓர் ஆள் படியேறி வந்து, அக்கம்பக்கம் பார்த்து, பூட்டை மூன்று முறை இழுத்துவிட்டுப் போகிறார்.

இந்திய வீட்டுத் திட்டத்தில் ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கட்டிப் போனவர்களைப் பார்க்கவும் போனார். 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தபோது கூட்டத்தில் கைதட்டியவர்தான். புது வீட்டைச் சுற்றி வந்து, நாலு பக்கமும் ஜன்னலா என்று துக்கம் விசாரித்துவிட்டு வந்தார்.

இவ்வளவு சொன்னாலும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. காலையில் பெயர் பதியும் பிரட்டு முடிந்து பெண்கள் மலையேறிவிட்டால் பொழுது சாயும்வரை லயம் வெறிச்சோடிக் கிடக்கும். அப்போது எல்லார் வீட்டுச் சாவியும் மாமாவிடம்தான். எந்தச் சாவி யாருடையது என்று தடவியே சொல்வார். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்துவிட்டு, தேத்தண்ணி குடித்தார்களா என்றும் பார்த்துக்கொள்வார். கொழும்பு வெள்ளவத்தை அடுக்குமாடி வாசலில் பன்னிரண்டு மணி நேர முறையில் உட்கார்ந்து, வருவோர் போவோர் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் கொப்பியில் எழுதியவர். அங்கே மாடியில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது, கேட் மட்டும்தான் அவருடையது. ஒரு காம்பராவைக் கோட்டைபோல் நடத்துவது அந்தப் பழக்கத்தின் மிச்சமாக இருக்கலாம்.

ஆனால் ஜன்னல் விஷயத்தில் என்னால் அவருக்கு விட்டுக்கொடுக்க முடியவில்லை.

பழைய லயத்துக் காம்பரா 10 அடிக்கு 12 அடி. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயமென்றால் பின்கதவு கிடையாது. முன்னால் ஒரு கதவு, ஒரு சின்ன ஜன்னல், அவ்வளவுதான். அந்த ஜன்னலுக்கு மாமா போன தீபாவளிக்குப் பலகை வைத்து ஆணி அடித்துவிட்டார். இரவில் கதவுக்கும் உள்பக்கம் பூட்டு. சாவி அவர் தலையணைக்குள். மலையகத்தில் லயங்கள் தீப்பிடிக்காத வருடம் உண்டா? பழைய வயர், விறகடுப்பு, வரிசை முழுவதற்கும் ஒரே கூரை. ஒரு காம்பராவில் பிடித்தால் மற்றவற்றுக்குத் தாவ அதிக நேரம் ஆகாது. புகை சூழ்ந்த இருட்டில் தலையணையைத் துழாவி, சாவியை எடுத்து, எண்ணெய்ப் பசையேறிய ஏழு லீவர் பூட்டைத் திறந்து பிள்ளைகளை வெளியே அனுப்ப வேண்டும். இதை வேடிக்கையாக எழுதக் கை வரவில்லை. கள்ளன் ஒருவன் வராமலிருக்க நாலு பேரை உள்ளே வைத்து ஆணி அடிப்பது முட்டாள்தனம்.

இந்த வருடம் அந்த ஆபத்து வெளியே வந்ததும் மனைவியால்தான். ஒட்டடை அடிக்க அலுமாரியை நகர்த்தினார். பின்னால் எலி கடித்த வயர், செப்புக் கம்பி தெரிய. டிரங்குப் பெட்டியைத் தூக்கினார். அடிப்பாகம் ஈரம், மேலே தகரத்தில் ஓர் ஓட்டை. பெட்டிக்குள் சேமலாப நிதிக் கடிதங்கள், பிறப்புச் சான்றிதழ்கள், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தக் காலத்தில் அலைந்து திரிந்து மாமனார் வாங்கிய பிரஜாவுரிமைச் சான்றிதழ். அதன் ஒரு மூலை பூஞ்சணம் பிடித்து ஒட்டிக்கிடந்தது. அந்த வீட்டில் தொலைந்தால் மறுபடி லேசில் வாங்க முடியாத காகிதம் அது. பதறாமல் அதை வெயிலில் விரித்து உலர்த்தி, பொலித்தீன் உறையில் போட்டார். மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, வயர்காரப் பையனுக்குச் சொல்லி அனுப்பினார். பிறகு ஜன்னலைக் காட்டினார்.

"அந்த ஆணியப் புடுங்குங்க."

மாமா எதிர்த்துப் பேசவில்லை. சுத்தியலை எடுக்கப் போனார். சுத்தியல் சாமான் பெட்டிக்குள். பெட்டிக்குப் பூட்டு. கொத்திலிருந்த அத்தனை சாவியும் போட்டுப் பார்த்தாகிவிட்டது, திறக்கவில்லை. பக்கத்து வீட்டு அண்ணனைக் கூப்பிடலாமா, பூட்டை அறுக்கலாமா என்று அவர் வாசலில் நின்று யோசிக்கும்போதே, மனைவி சமையல்கட்டிலிருந்து கத்தியைக் கொண்டுவந்து அதன் நுனியால் கொண்டியின் நாலு திருகாணிகளையும் திருகி எடுத்து மூடியைத் திறந்துவிட்டார்.

மாமா குனிந்து, மூடியில் தொங்கிய பூட்டைப் பிடித்து ஓர் இழு இழுத்தார்.

"பாத்தியா, பூட்டு அசையல."