பாதித் திரை கேட்டு ஒரு மனு

பெறுநர்:
எக்ஸ்பாக்ஸ் பிரிவு, மைக்ரோசாஃப்ட் நிறுவனம்,
ரெட்மண்ட், வாஷிங்டன் மாநிலம், அமெரிக்கா.

பொருள்: தொலைக்காட்சித் திரையைப் பாகம் பிரித்துத் தரக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

முதலில் நன்றி. எடுத்த எடுப்பில் குறை சொல்கிற மனு எந்த மேசையிலும் நிற்காது என்பது மனு எழுதிப் பழகியவர்களுக்குத் தெரியும்.

2015 அக்டோபரில் ‘ஹேலோ 5’ ஆட்டத்தை வெளியிட்டபோது ஸ்பிளிட் ஸ்க்ரீனை அடியோடு எடுத்தீர்கள். ஒரே சோபாவில் இரண்டு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து, ஒரே டிவியை மேல்பாதி கீழ்ப்பாதியாகப் பங்கு போட்டு ஆடும் அநாகரிகம் அன்றோடு ஒழிந்தது. நொடிக்கு 60 ஃபிரேம் கிடைக்க வேண்டும், அதனால்தான் என்றீர்கள். ஃபிரேம் கிடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன்தான் எழுந்து போய்விட்டான்.

2001இல் வந்த உங்கள் முதல் ஹேலோவைப் பார்த்திராத பிள்ளைகள் இன்று உங்கள் அலுவலகத்திலேயே வேலைக்கு இருப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். அதில் வார்ட்ஹாக் என்றொரு ஜீப் வரும். ஒருவர் ஓட்ட வேண்டும், இன்னொருவர் பின்னால் நின்று துப்பாக்கியைப் பிடிக்க வேண்டும். ஓட்டுவது எப்போதும் அண்ணன். பள்ளம் மேடு பார்க்காமல் விடுவான், வண்டி குட்டிக்கரணம் போடும், தம்பி வாய்க்கு வந்தபடி திட்டுவான். “நீ ஒழுங்கா சுட்டிருந்தா நான் ஏன்டா அந்தப் பக்கம் திருப்பப் போறேன்?” என்று அண்ணன் பழியைத் தள்ளிவிடுவான். தம்பி செத்தால் உடனே உயிர் வராது. அண்ணன் எதிரி கண்ணில் படாமல் ஏதாவது பாறை மறைவில் பதுங்க வேண்டும். சண்டை ஓய்ந்தால்தான் தம்பி மறுபடி பக்கத்தில் முளைப்பான். அதுவரை செத்தவன் சும்மா இருப்பானா? “போகாத, போகாத, ஒளிஞ்சுக்கோ” என்று அண்ணன் காதிலேயே கத்துவான். ஹெட்செட் தேவைப்படவில்லை. இதற்கெல்லாம் சந்தாவும் கிடையாது.

அந்த ஆட்டம் ஓடிய முதல் எக்ஸ்பாக்ஸ் பெட்டியின் நினைவகம் 64 எம்பி. இப்போது நீங்கள் விற்கும் சீரிஸ் எக்ஸின் நினைவகம் 16 ஜிபி, அதாவது 256 மடங்கு. அன்று இரண்டு பேர் முழுக் கதையையும் சேர்ந்து ஆட முடிந்தது. இன்று இடம் பற்றவில்லை என்றால் நம்பத்தானே வேண்டும்?

2017 பிப்ரவரியில் ஒரு நல்ல காரியம் செய்தீர்கள். அப்போது ஹேலோவைத் தயாரித்துவந்த 343 இண்டஸ்ட்ரீஸின் தலைவர் பானி ராஸ் ஒரு மாநாட்டு மேடையில் ஏறி, ‘ஹேலோ 5’இல் ஸ்பிளிட் ஸ்க்ரீனை விட்டது ரசிகர்களின் நம்பிக்கையைக் குலைத்துவிட்டது, இனி வரும் ஹேலோ துப்பாக்கிச் சண்டை ஆட்டங்களில் எல்லாம் அது இருக்கும் என்று வாக்குக் கொடுத்தார். 2021 டிசம்பரில் ‘ஹேலோ இன்ஃபினிட்’டின் கதைப் பகுதி வந்தது. சேர்ந்து ஆடும் வசதி பிறகு வரும் என்றீர்கள். 2022 செப்டம்பரில், ஒரே திரையில் சேர்ந்து கதை ஆடுவது வரவே வராது, வேறு வேலைகளுக்கு ஆள் தேவைப்படுகிறது என்று அறிவித்தீர்கள். அதே நாட்களில் விளையாட்டுப் பிள்ளைகள் மெனுவில் அங்குமிங்கும் தட்டி, நீங்கள் கைவிட்டதாகச் சொன்ன வசதியை ஆட்டத்துக்குள்ளேயே கண்டுபிடித்து ஆடத் தொடங்கிவிட்டார்கள். செய்து முடிக்காததைக் கைவிடுவது எல்லா ஊரிலும் நடக்கும். பாதிக்கு மேல் செய்து வைத்ததைக் கைவிடப் பெரிய நிர்வாகம் வேண்டும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. இன்ஃபினிட்டில் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொள்ளும் பகுதியில், ஒரே டிவியில் நான்கு பேர் வரை ஆட இடம் கொடுத்தீர்கள். ஆக ஒரு வீட்டுக்குள் அடித்துக்கொள்ளத் தடையில்லை. ஒற்றுமையாகக் கதை ஆடுவதற்குத்தான் அனுமதி இல்லை.

அடுத்து கணக்குக்கு வருகிறேன். அண்ணனும் தம்பியும் பழையபடி சேர்ந்து ஆட வேண்டுமானால் தேவைப்பட்டது இன்னொரு கன்ட்ரோலர், 2020இல் 60 டாலர். நீங்கள் காட்டும் புதிய வழியில் இன்னொரு சீரிஸ் எக்ஸ் வேண்டும், வெளியானபோது அதன் விலை 499 டாலர். இன்னொரு டிவி, இன்னொரு சந்தா, வைக்க இன்னொரு அறை. ஆட்டத்தின் இன்னொரு பிரதியும் வேண்டும், சந்தாவில் அது அடங்காவிட்டால். வீட்டில் ஒரு பெட்டி நான்கு பேருக்குப் போதுமென்றால் மிச்ச மூன்று பெட்டிகளை யாரிடம் விற்பது? உங்கள் சங்கடம் புரிகிறது.

தொழில்நுட்பக் காரணமே இல்லை என்று வாதாட நான் வரவில்லை. இரண்டு பேர் இரண்டு இடத்திலிருந்து பார்த்தால் ஒரே காட்சியை இரண்டு முறை வரைய வேண்டும். பரந்த நிலத்தில் ஒருவன் மலைமேலும் ஒருவன் ஆற்றங்கரையிலும் நின்றால் இரண்டு இடத்தையும் நினைவகத்தில் வைத்திருக்க வேண்டும். கஷ்டம்தான். அதே கஷ்டத்தை மற்றவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்? நின்டெண்டோவின் ‘மாரியோ கார்ட் 8 டீலக்ஸ்’ கைக்குள் அடங்கும் பெட்டியில் நான்கு பேரை ஓட்ட விடுகிறது. மூன்றாவது ஆள் சேர்ந்ததும் 60 ஃபிரேமை 30 ஆக்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். 30 ஃபிரேம் ஆகிவிட்டதே என்று யாரும் திருப்பிக் கொடுத்ததாகத் தெரியவில்லை. 6 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது.

ஸ்வீடனில் ஹேஸ்லைட் என்றொரு சிறிய நிறுவனம். அவர்களின் ‘இட் டேக்ஸ் டூ’வைத் தனியாக ஆடவே முடியாது, இரண்டு பேர் இருந்தே ஆக வேண்டும். பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் வெளியூர் நண்பனை இணையத்தில் கூப்பிடலாம், அவன் காசு கொடுத்து வாங்கவும் வேண்டாம். இப்படி இலவசமாக அள்ளிக்கொடுத்தால் திவாலாகியிருக்க வேண்டுமே? 2021இன் சிறந்த ஆட்டம் என்ற விருதை வாங்கிக்கொண்டு, 2025இல் ‘ஸ்பிளிட் ஃபிக்‌ஷன்’ என்று அடுத்ததையும் கொண்டுவந்தார்கள்.

உங்கள் அலமாரியிலேயே சாட்சி இருக்கிறது. 1997இல் வந்த ‘கோல்டன்ஐ’யில் நான்கு பேர் மோதும் பகுதி, தயாரிப்பின் கடைசி மாதங்களில் மேலிடத்தைக் கேட்காமலே ஒருசிலர் சேர்த்தது. அதைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. திரையின் நாலில் ஒரு பங்கில் தன் ஆளைப் பார்த்துக்கொண்டே ஓரக்கண்ணால் மற்றவன் பங்கை ஒட்டுப்பார்த்த தலைமுறை அது. அதைச் செய்த ரேர் நிறுவனத்தை 2002இல் 37.5 கோடி டாலர் கொடுத்து வாங்கியது நீங்கள். 2023 ஜனவரியில் அந்த ஆட்டம் எக்ஸ்பாக்ஸில் மறுபடி வந்தபோது இணையத்தில் ஆடும் வசதி கிடையாது. ஒரே அறையில் கூடித்தான் ஆட வேண்டும். அதாவது உங்கள் பெட்டிக்கு நான்கு பங்கு போடத் தெரிகிறது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2023இல் ‘பால்டர்ஸ் கேட் 3’ எக்ஸ்பாக்ஸுக்கு வரத் தாமதமானது ஏன்? பெரிய பெட்டியில் இருக்கும் ஒவ்வொரு வசதியும் சின்னப் பெட்டியான சீரிஸ் எஸ்ஸிலும் இருக்க வேண்டும் என்பது உங்கள் சட்டம். அதில் ஸ்பிளிட் ஸ்க்ரீன் ஓடவில்லை. கடைசியில் சட்டத்தை நீங்களே தளர்த்தி, டிசம்பரில் ஆட்டத்தை உள்ளே விட்டீர்கள். அந்த ஆட்டத்தைச் செய்த பெல்ஜியத்து லாரியன்காரர்கள் விடாமல் உழைத்து 2025 ஏப்ரலில் அந்தச் சின்னப் பெட்டியிலும் அதைக் கொண்டுவந்துவிட்டார்கள். வாக்குக் கொடுத்தது நீங்கள், நிறைவேற்றியது பெல்ஜியத்துக்காரர்கள்.

இனி என் கோரிக்கை. 2025 அக்டோபரில் ‘ஹேலோ: கேம்பெய்ன் இவால்வ்ட்’ என்ற பெயரில் முதல் ஹேலோவின் கதையைப் புதிதாகச் செய்து 2026இல் தருவதாக அறிவித்தீர்கள். கன்சோலில் இரண்டு பேர் ஒரே திரையில் ஆடலாம் என்றும் அதில் சொல்லியிருக்கிறீர்கள். 2001இல் பெட்டியோடு வந்த வசதி இப்போது அறிவிப்பில் சிறப்பம்சமாக ஏறியிருக்கிறது, பரவாயில்லை, வாங்கிக்கொள்கிறோம். ‘பிறகு வரும்’ என்ற சொல் மட்டும் இந்த முறை வேண்டாம். வெளியாகும் அன்றே அது ஆட்டத்தில் இருக்கட்டும். அதற்கடுத்து வரும் ஹேலோவிலும் இருக்கும் என்று, மேடையில் சொல்லாமல், எழுத்தில் கொடுங்கள்.

இப்படிக்கு,
கீழ்ப்பாதியில் உரிமையுள்ள ஒரு தம்பி